இலங்கையில் பத்து நாள் சைக்கிள் பயணம்: முன்பணம் கட்டுமுன் போட வேண்டிய கணக்கு

கேள்வி: எனக்கு வயது 46, மனைவிக்கு 43. கோவையில் இருக்கிறோம். வாராவாரம் ஞாயிறு காலையில் சமதரையில் 40 கி.மீ. ஓட்டுவது வழக்கம். இலங்கையில் வழிகாட்டியோடு பத்து நாள் சைக்கிள் பயணம் ஒன்றுக்கு முன்பணம் கேட்கிறார்கள். நீர்கொழும்பு, சிகிரியா, பொலன்னறுவை, கண்டி, நுவரெலியா, எல்ல, உடவளவை, காலி என்று வழி. நாளுக்கு 45 முதல் 77 கி.மீ. வரை. எங்களால் முடியுமா? எந்த மாதம் போகலாம்? சொந்த சைக்கிளைக் கொண்டுபோவதா, அங்கேயே வாடகைக்கு எடுப்பதா? கூடவே வேன் வரும் என்கிறார்கள், அதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

பதில்: முடியும், ஒரே ஒரு நாளைத் தவிர. அட்டவணையில் 77 கி.மீ. என்று போட்டிருப்பது கண்டியிலிருந்து நுவரெலியா போகும் நாளாகத்தான் இருக்கும். கண்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நுவரெலியா 1,868 மீட்டரில். கம்பளை, புசல்லாவை, இறம்பொடை, லபுக்கலை வழியாகப் போகும் அந்தச் சாலையில் கம்பளை தாண்டியதும் ஏற்றம் தொடங்கிவிடும், இறம்பொடைக்கு மேல் கொண்டை ஊசி வளைவுகள் அடுக்கடுக்காக வரும். பொலன்னறுவைப் பக்கம் 60 கி.மீ. ஓட்ட நான்கு மணி நேரம் போதும். இங்கே 77 கி.மீ.க்கு, நின்று இளைப்பாறும் நேரத்தையும் சேர்த்தால், எட்டு ஒன்பது மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சுற்றுலா அட்டவணைகளில் கிலோமீட்டரை மட்டும் பெரிதாகப் போட்டு ஏறும் உயரத்தை விட்டுவிடுவது சகஜம். ஒவ்வொரு நாளுக்கும் மொத்த ஏற்றம் எத்தனை மீட்டர் என்று எழுத்தில் கேளுங்கள். அதைச் சொல்லத் தெரியாதவர்கள் அந்த வழியில் சைக்கிள் ஓட்டியிருக்க மாட்டார்கள்.

உங்களைச் சோதித்துப் பார்க்க நல்ல இடம் பக்கத்திலேயே இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கி.மீ., ஏற்றம் 1,400 மீட்டருக்கு மேல். முதல் 20 கி.மீ. ஏறினாலே 800, 900 மீட்டர் ஆகிவிடும். இறம்பொடையிலிருந்து நுவரெலியா ஏறுவதும் ஏறக்குறைய அதே கணக்குதான். அந்த 20 கி.மீ.யை இடையில் இரண்டு முறை மட்டும் நின்று ஏறிவிட்டால், இறம்பொடைவரை வேனில் போய் அங்கிருந்து ஓட்டுங்கள். எங்கள் பரிந்துரையும் அதுதான். கண்டியிலிருந்து கம்பளைவரை நெரிசல், புழுக்கம், பஸ் புகை. மேலே குளிர்ந்த காற்று, இருபுறமும் தேயிலை, கொழுந்துக் கூடையோடு சாலையைக் கடக்கும் பெண்களிடம் தமிழிலேயே வழி கேட்கலாம். பாதி தூரம்தான் முடியும் என்றால் அந்தப் பாதி மேல்பாதியாக இருக்கட்டும். கோத்தகிரிச் சாலையிலும் யானை நடமாட்டம் உண்டு, நன்றாக விடிந்தபிறகே கிளம்புங்கள்.

பயிற்சிக்குப் பத்து வாரம் வேண்டும். ஞாயிறு ஒருநாள் 40 கி.மீ. ஓட்டுவது பயணத்துக்கு உதவாது. அங்கே கால் சோர்வது முதல்நாள் அல்ல, மூன்றாம் நாள். அதனால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அடுத்தடுத்து ஓட்டுங்கள். முதல் மூன்று வாரம் 40, 25 கி.மீ. அடுத்த நான்கு வாரம் 50, 40. எட்டாவது, ஒன்பதாவது வாரங்களில் ஒருநாள் கோத்தகிரி ஏற்றம், மறுநாள் சமதரையில் 40. கடைசி வாரம் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

ஏற்றத்தில் ஆளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் கியர்தான். 75 கிலோ எடையுள்ள ஒருவர் 6 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் போவதாக வைத்துக்கொள்வோம். முன்பல் (பெடலோடு சுற்றும் பல்சக்கரத்தின் பற்கள்) 34, பின்பல் (பின்சக்கரத்துப் பல்சக்கரத்தின் பற்கள்) 28 என்றால் நிமிடத்துக்கு 51 முறைதான் பெடல் சுற்றும். ஒவ்வொரு மிதியிலும் முழங்கால் இறுகும், அரைமணியில் வலி எடுக்கும். முன்பல் 28, பின்பல் 34 என்றால் அதே வேகத்துக்கு 75 சுற்று. உழைப்பு அதேதான், மூட்டுக்கு மட்டும் பாரம் குறைகிறது. ஆகவே மிகச்சிறிய முன்பல்லைவிடப் பின்பக்கத்துப் பெரிய பல் பெரிதாக இருக்க வேண்டும், குறைந்தபட்சம் சமமாகவாவது இருக்க வேண்டும். வாடகை சைக்கிளின் படத்தை அனுப்பச் சொல்லும்போது இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே கேளுங்கள்.

சொந்த சைக்கிளா, வாடகையா? பத்து நாளுக்கு வாடகையே மேல். பெட்டியில் கட்டி விமானத்தில் ஏற்றினால் கியர் கொக்கி (பின்கியரைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் துண்டு) வளைந்து வரும் வாய்ப்பு அதிகம், காலியில் முடியும் பயணத்தில் வெற்றுப் பெட்டியை யார் தூக்கி வருவது என்ற தொல்லை வேறு. ஆனால் மூன்றை மட்டும் கையோடு கொண்டுபோங்கள்: உங்கள் சீட், உங்கள் பெடல், ஹெல்மெட். பெடல் நடுத்தண்டின் மையத்திலிருந்து சீட்டின் மேல்மட்டம்வரை உள்ள உயரத்தை வீட்டிலேயே அளந்து குறித்துக்கொள்ளுங்கள். முதல்நாள் நீர்கொழும்பில் அதே அளவுக்கு வைத்தால் முழங்கால் வலியில் பாதி குறையும். பெடல் கழற்றும்போது இடப்பக்கத்து மரை எதிர்த்திசையில் சுற்றும் என்பது நினைவிருக்கட்டும். மின்சார சைக்கிள் வேண்டுமென்றால் அங்கேதான் எடுக்க வேண்டும், அவ்வளவு பெரிய பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

வண்டி கைக்கு வந்ததும் முதல் வேலை பிரேக். நம்மூரில் வலக்கைப் பிடி முன்சக்கரத்துக்கு என்று பழகியவர்களுக்கு, ஐரோப்பிய வழக்கப்படி மாற்றிக் கட்டிய வண்டி கிடைத்தால் ஆபத்து. தள்ளிக்கொண்டே ஒவ்வொன்றாகப் பிடித்துப் பாருங்கள். மாறியிருந்தால் மெக்கானிக்கிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள், "பழகிவிடும்" என்று விடாதீர்கள். பிரேக் கட்டையில் 1 மி.மீ.க்குக் குறைவாகப் பொருள் மிச்சம் இருந்தால் அன்றே புதிது போடச் சொல்லுங்கள். டயர் 35 மி.மீ. அகலம் போதும். ஆள் எடையைப் பொறுத்து 45 முதல் 55 பி.எஸ்.ஐ. காற்று. அதற்கு மேல் அடித்தால் குளக்கட்டுச் செம்மண் பாதையில் கை மரத்துப்போகும்.

மாதத்தைப் பொறுத்தவரை, இந்த வழிக்கு ஜனவரி கடைசி முதல் மார்ச் நடுப்பகுதிவரை. இலங்கைக்கு இரண்டு பருவமழை. தென்மேற்குப் பருவம் மே முதல் செப்டம்பர்வரை மலையகத்தின் மேற்குச் சரிவையும் காலிப் பக்கத்தையும் நனைக்கும். வடகிழக்குப் பருவம் டிசம்பரில் வலுத்து, பொலன்னறுவை, சிகிரியா பக்கம் ஜனவரி நடுவரைகூட இழுக்கும். ஏப்ரல் வேண்டாம்: மாலை இடிமழை, 13, 14 தேதிகளில் புத்தாண்டுக்குக் கடைகள் அடைப்பு, நுவரெலியாவில் வசந்த விழாக் கூட்டம். பிப்ரவரியில் நுவரெலியா இரவு 10 டிகிரிக்குக் கீழே இறங்கும், சில நாள் உறைபனியும் விழும். ஒரு மெல்லிய ஸ்வெட்டர் வேனில் கிடக்கட்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகச் சாலைகளையும் ரயில் பாதையையும் பல இடங்களில் சிதைத்தது. கண்டி–எல்ல ரயில் பயணமும் அட்டவணையில் இருந்தால், எந்த நிலையத்திலிருந்து எதுவரை ஓடுகிறது என்பதைப் பணம் கட்டுமுன் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இனி வேன். கூட வேன் வருவதற்கும் வேன் முன்னாலேயே போய் ஹோட்டலில் நிற்பதற்கும் வித்தியாசம் உண்டு, விளம்பரத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். கேட்க வேண்டியது: கடைசி ஆளுக்குப் பின்னால் யார் வருகிறார்? வேன் எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை நிற்கும்? உபரி சைக்கிள் ஒன்று கூரையில் உண்டா? எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி? எட்டுப் பேருக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்றால் சரி. பன்னிரண்டு பேருக்கு ஒருவர் என்றால் வேகமானவர்களும் மெதுவானவர்களும் பிரிந்து, நடுவில் இருப்பவர் வழி தவறுவார். வழிகாட்டிக்கு இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் உரிமம் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். நீர்கொழும்பிலிருந்து சிகிரியாவரை முழுக்க ஓட்டவைக்கும் நிறுவனத்தைவிட, அந்த நெரிசல் சாலையை வேனில் கடந்து தம்புள்ளைக்குப் பக்கத்தில் இறக்கிவிடும் நிறுவனமே விவரம் தெரிந்தது. வேனில் ஏறுவது தோல்வி என்று நினைப்பவர்கள்தாம் நான்காம் நாள் காய்ச்சலில் படுக்கிறார்கள்.

சிகிரியா, பொலன்னறுவைப் பக்கம் ஓட்டுவது வேறு சுகம். குளக்கட்டின்மேல் செம்மண் தடம், ஒருபக்கம் தண்ணீர், மறுபக்கம் கீழே வயல். நல்ல வழிகாட்டி நெடுஞ்சாலையை விட்டு இந்தக் கட்டுகளிலும் வாய்க்கால் ஓரப் பாதைகளிலும்தான் கூட்டிப்போவார். பிப்ரவரி கடைசியில் அறுவடை தொடங்கிவிட்டால் தார்ச்சாலையின் ஒரு பாதியில் நெல் காயும். அதன்மேல் ஏறினால் மணலில் போவதுபோல முன்சக்கரம் வழுக்கும். வளைவில் நெல்லைக் கண்டால் முன்பே வேகத்தைக் குறைத்து, அதன்மேல் பிரேக் பிடிக்காமல், ஹேண்டிலை வெட்டாமல் போங்கள். பஞ்சருக்கு இங்கே காரணம் முள். டயருக்குள் இருக்கும் ட்யூபை மட்டும் மாற்றினால் பத்து நிமிடத்தில் மறுபடி இறங்கும், ஏனென்றால் முள் டயருக்குள்ளேயே இருக்கும். ட்யூபின் ஓட்டை எங்கே என்று முதலில் பாருங்கள். வால்வை அடையாளமாக வைத்து, டயரில் அதே இடத்தை உள்பக்கமாகத் துணியால் தடவுங்கள். முள் துணியில் மாட்டும்.

ஹபரணை, மின்னேரியா, உடவளவைச் சாலைகளில் ஒரே விதி: காலை ஏழுக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும் சைக்கிள் கிடையாது. ஊர்க்காரர் யாராவது "அலியா" என்று கை காட்டினால் யானை பக்கத்தில் நிற்கிறது என்று பொருள். இறங்கித் திரும்புங்கள், வேன் வரட்டும். உடவளவையில் மின்வேலிக்கு அப்பால் யானைகள் பழத்துக்குக் காத்து நிற்கும். எதுவும் கொடுக்காதீர்கள், அங்கே நிற்கவும் வேண்டாம். புத்தல–கதிர்காமம் சாலை மாற்று வழி என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள், வண்டியை மறித்துத் தீனி கேட்கப் பழகிய யானைகள் அங்கே உண்டு.

நுவரெலியாவிலிருந்து எல்ல சுமார் 55 கி.மீ. சீதா எலியவில் அருவியோரம் சீதை அம்மன் கோயில், ஹக்கலைத் தோட்டம் தாண்டி வெலிமடைவரை பெரும்பாலும் இறக்கம். பிறகு பண்டாரவளைக்கு ஒரு ஏற்றம் வெயிலில் காத்திருக்கிறது, அதை மறந்து காலையில் காலத்தைக் கழிக்காதீர்கள். மறுநாள் எல்லவிலிருந்து வெல்லவாய இறக்கம்தான் பயணத்திலேயே விபத்துக்கு அதிக வாய்ப்புள்ள 27 கி.மீ. 800 மீட்டருக்கு மேல் இறங்குகிறீர்கள். பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே இறங்கினால் சூடேறி, கடைசி வளைவில் பிடி நழுவும். நேர்ச்சாலையில் விட்டுவிடுங்கள், வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் விட்டுவிடுங்கள். இராவணன் அருவியருகே சாலை நனைந்திருக்கும், படம் எடுக்க வண்டிகள் திடீரென நிற்கும். அந்த இடத்தில் நடை வேகம் போதும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்று விரல்களை நீட்டி மடக்குங்கள்.

தண்ணீர் மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உப்பு குறைந்து தலைவலி, குமட்டல் வரும். மருந்துக்கடையில் "ஜீவனி" என்று கேட்டால் உப்புச்சர்க்கரைத் தூள் தருவார்கள். வழியில் செவ்விளநீரும், கடையில் சர்க்கரை தூக்கலாகப் போட்ட பிளேன்டீயும் கிடைக்கும். காலையில் இடியப்பமும் சொதியும் ஓட்டத்துக்கு நல்லது. மதியச் சோறும் கறியும் ஓட்டம் முடிந்தபிறகு மட்டும். காலை ஆறரைக்குக் கிளம்பி பன்னிரண்டுக்குள் முடிப்பது என்று வழிகாட்டியிடம் முதல்நாளே பேசிவிடுங்கள். யானைக் காட்டுப் பகுதியில் மட்டும் ஏழுக்குப் பிறகு.

பஞ்சுவைத்த சைக்கிள் அரைக்கால்சட்டைக்குள் உள்ளாடை வேண்டாம், தையல் உரசி இரண்டாம் நாளே புண்ணாகும். தொடையிடுக்கில் வாசலின் தடவுங்கள். விகாரைகளிலும் கோயில்களிலும் முழங்காலும் தோளும் மூடியிருக்க வேண்டும் என்பதால் ஒரு வேட்டியும் துப்பட்டாவும் கைப்பையில் இருக்கட்டும். நாய் துரத்தினால் மிதிப்பதை நிறுத்தி இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆம்புலன்ஸுக்கு 1990, போலீசுக்கு 119. பயணக் காப்பீட்டு ஒப்பந்தத்தில் சைக்கிள் விபத்தை விலக்கும் வரி இருக்கிறதா என்று ஒருமுறை படித்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.