கதை துப்பாக்கிக்குள்ளாலை வருதோ? ஷூட்டர் கேம் மதிப்பிடுறது பற்றி கேள்வி பதில்

கதையோடை வாற ஃபர்ஸ்ட் பேர்சன் ஷூட்டர் கேம்களை, அதாவது கதாபாத்திரத்தின்ரை கண்ணாலை பாத்துச் சுடுற கேம்களை, விமர்சனம் எழுத விரும்புற ஆக்கள் கேட்ட கேள்விகளுக்கான பதில்கள். எந்தக் கேமின்ரை முடிவையும் இதிலை சொல்லேல்லை, பயப்பிடாமல் வாசியுங்கோ.

கேள்வி (கொக்குவில்): அண்ணை, முழுக்க விளையாடி முடிச்சுத்தான் எழுதவேணுமோ? எந்த டிஃபிகல்ட்டியிலை (கடின அளவிலை) விளையாடுறது?

பதில்: கதையைச் சொல்லி விக்கிற கேமைப் பாதியிலை விட்டிட்டுத் தீர்ப்புச் சொல்லுறது நியாயமில்லைத் தம்பி. முடியுங்கோ. முதல்தரம் நோர்மலிலை விளையாடுங்கோ. பிறகு நடுப்பகுதியிலை வாற ஒரு சண்டையை மட்டும் ஹார்டிலை திருப்பி விளையாடுங்கோ. ஒரே எதிரி, ஒரே துப்பாக்கி, ஒரே தூரம். நெஞ்சிலை எத்தினை வெடி, தலையிலை எத்தினை வெடி எண்டு எண்ணி எழுதி வையுங்கோ. நோர்மலிலை 4 வெடியிலை விழுந்தவன் ஹார்டிலை 10 வெடி வாங்கிக்கொண்டு நிண்டால், கேம் கடினமாகேல்லை, நீண்டிருக்கு, அவ்வளவுதான். ஒழுங்கான ஹார்டிலை எதிரி பக்கத்தாலை சுத்தி வருவான், கைக்குண்டு எறிவான், உங்களுக்குக் கிடைக்கிற ரவையும் குறையும்.

கேள்வி (திருநெல்வேலி): கட்சீன், அதாவது விளையாட விடாமல் படமா ஓடுற காட்சி, கனக்க இருந்தால் நல்ல கதை எண்டு சொல்லலாமோ அண்ணா?

பதில்: இல்லைத் தங்கச்சி. கட்டுப்பாடு உங்கடை கையிலை இருக்கேக்கை கதை எவ்வளவு நகருது எண்டதைத்தான் பாக்கவேணும்.

2004இலை வந்த ஹாஃப்-லைஃப் 2இன்ரை தொடக்கத்தை எடுங்கோ. ரெயினாலை இறங்கின சனம் பெட்டியளோடை கம்பிவேலிக்குள்ளாலை வரிசையாப் போகுது. முகமூடி போட்ட காவல்காரன் ஒருத்தன் ஒரு ரின்னை நிலத்திலை தட்டிவிட்டு, எடுத்துக் குப்பைவாளியிலை போடு எண்டுறான். போட்டால் சிரிச்சுப்போட்டு விடுவான். அவன்ரை மேலை எறிஞ்சால் தடியோடை வருவான். பொருளைத் தூக்கிறது, எறியிறது எப்பிடி எண்டு அந்த இடத்திலைதான் கேம் பழக்குது. அந்த ஊரிலை ஆர் எசமான் எண்டதையும் அதே இடத்திலைதான் சொல்லுது. துப்பாக்கி இன்னும் கைக்கு வரேல்லை, கட்சீனும் இல்லை. சோதனைச்சாவடியிலை வரிசையிலை நிண்ட எங்கடை சனத்துக்கு இதுக்கு மேலை விளக்கம் தேவையில்லை.

மற்றப் பக்கம், கதை சொல்லுறது ஒண்டு, கை செய்யிறது வேறையொண்டு எண்டு இருக்கிற கேமும் இருக்கு. 2007இலை பயோஷொக் எண்ட கேம் வந்தபோது கேம் வடிவமைப்பாளர் கிளின்ட் ஹொக்கிங் இதுக்கு ‘லூடோநரேட்டிவ் டிசொனன்ஸ்’ எண்டு பேர் வைச்சார். விளையாட்டு உங்களைச் சுயநலத்துக்கு அழைக்குது, கதை இன்னொருத்தருக்கு உதவச் சொல்லிக் கட்டாயப்படுத்துது எண்டது அவர் சொன்ன குறை. நீங்கள் சோதிக்கிற வழி இதுதான்: மனசை உருக்கிற ஒரு காட்சி முடிஞ்ச உடனை வாற 5 நிமிசத்திலை உங்கடை கை என்ன செய்யுது எண்டு குறிச்சு வையுங்கோ. அழுத கதாபாத்திரம் அடுத்த அறையிலை லாச்சி லாச்சியாத் திறந்து காசு பொறுக்கினால், அதை எழுதத்தான் வேணும்.

கேள்வி (சாவகச்சேரி): ‘துப்பாக்கி நல்லாயிருக்கு’ எண்டு எல்லாரும் எழுதினம். அதை எப்பிடி அளக்கிறது?

பதில்: முதலிலை ஒரு சுவருக்குச் சுடுங்கோ. சுவரிலை அடையாளம் விழுதோ, மரத்துக்கும் இரும்புக்கும் சத்தம் மாறுதோ எண்டு பாருங்கோ. பிறகு சத்தத்தை முழுக்க நிப்பாட்டிப்போட்டு ஒரு சண்டை செய்யுங்கோ. வெடி பட்டதும் எதிரியின்ரை உடம்பு அசையிறதை வைச்சே பட்டது விளங்கவேணும். விளங்கேல்லை எண்டால் அதுவரை உங்களை ஏமாத்தினது சத்தம்தான். ரவை மாத்திற பாதியிலை ஓடத் தொடங்கினால் அது நிக்குதோ எண்டதையும் பாருங்கோ.

துப்பாக்கியே கதை சொல்லுறதும் உண்டு. மெட்ரோ 2033 எண்ட கேமிலை (2010) தரமான ரவைதான் காசு. அவசரத்துக்கு அதைச் சுட்டால் சாமான் வாங்கிற காசைத்தான் சுடுறியள். பஞ்சத்தை விரலிலை உணர வைக்கிற வேலை அது, எனக்கு அதிலை பெரிய மரியாதை.

கேள்வி (உரும்பிராய்): எதிரிக்குப் புத்தி இருக்கோ எண்டு எப்பிடித் தெரியும்?

பதில்: மறைவிலை 20 செக்கன் அசையாமல் இருங்கோ. எல்லாரும் அதே இடத்திலை நிண்டு சுட்டுக்கொண்டிருந்தால் புத்தி இல்லை. 2005இலை வந்த ஃபியர் கேமிலை எதிரியள் சுத்தி வருவினம், குண்டெறிஞ்சு வெளியாலை எடுப்பினம், செய்யிறதைச் சத்தம் போட்டும் சொல்லுவினம். அந்தச் சத்தம் முக்கியம். காதிலை விழாத திட்டம் விளையாடுறவருக்கு இல்லாத திட்டம் மாதிரித்தான்.

கேள்வி (மானிப்பாய்): அரை மணித்தியாலத்திலை தலை சுத்துது. கேமின்ரை பிழையோ, என்ரை பிழையோ?

பதில்: பெரும்பாலும் பார்வைக் கோணத்தின்ரை பிழை. எஃப்.ஓ.வி. எண்டு செற்றிங்ஸிலை இருக்கும், திரையிலை எவ்வளவு அகலம் தெரியுது எண்டது அதுதான். கிட்ட இருந்து பாக்கிற மொனிட்டருக்கு 60, 65 பாகை ஒடுக்கம். கிடையா 90க்குக் கொண்டு வாங்கோ. ஒண்டைக் கவனியுங்கோ: சில கேம் செங்குத்துக் கோணத்தைக் காட்டும். 16:9 திரையிலை செங்குத்து 59தான் கிடை 90. அது தெரியாமல் 90 வைச்சால் படம் மீன்கண் மாதிரி வளைஞ்சு போகும். மோஷன் பிளர் (அசையேக்கை படம் மங்கிறது), நடக்கேக்கை தலை ஆடுறது ரெண்டையும் நிப்பாட்டுங்கோ. நிப்பாட்ட வழியே இல்லை எண்டால் அது கேமின்ரை பிழை, எழுதுங்கோ.

கேள்வி (பருத்தித்துறை): செக்கனுக்குச் சராசரி 60 ஃபிரேம் (படம்) காட்டுது, ஆனால் இழுக்குது. ஏன் அண்ணை?

பதில்: சராசரி மறைச்சுப்போடும் தம்பி. 60 எண்டால் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிசெக்கன். இடையிலை ஒரு ஃபிரேம் 80 மில்லிசெக்கன் எடுத்தால் கண் உடனை பிடிக்கும், சராசரி அசையாது. ஒவ்வொரு ஃபிரேமும் எடுத்த நேரத்தைக் காட்டுற ஃபிரேம் டைம் கோட்டைத் திரையிலை போட்டுப் பாருங்கோ. ஒரு இடத்துக்கு முதல்தரம் போகேக்கை மட்டும் இழுத்து, ரெண்டாம்தரம் இழுக்கேல்லை எண்டால் ஷேடர் (ஒளி, நிறம் வரையிற சின்ன நிரல்) தயாராகிறது காரணமா இருக்கலாம். கதவு திறக்கேக்கை எல்லாம் இழுத்தால், அடுத்த இடத்தை வாசிச்சுக் குடுக்கிற ஹார்ட் டிஸ்கைச் சந்தேகியுங்கோ.

இன்னொண்டு, எங்கடை சித்திரை வெயிலிலை தகரக் கூரைக்குக் கீழை அளந்தால் கிராபிக்ஸ் கார்ட் சூடேறித் தன்ரை வேகத்தைத் தானே குறைக்கும். அரை மணித்தியாலம் ஓடவிட்டிட்டு அளவுங்கோ, கார்ட், ராம், டிரைவர் விபரத்தையும் எழுதுங்கோ.

கேள்வி (அச்சுவேலி): கரண்ட் போனால் எல்லாம் போகுது.

பதில்: அதை விமர்சனத்திலையும் சேருங்கோ, வாசிக்கிறவைக்கும் அதே கரண்ட்தான். நினைச்ச இடத்திலை சேவ் பண்ணலாமோ, கேமே குறிச்ச இடத்திலை தானாச் சேவ் பண்ணுற செக்பொயின்ற் மட்டுமோ? செக்பொயின்ற் எண்டால் ரெண்டுக்கிடையிலை எத்தினை நிமிசம் எண்டு மணிக்கூட்டைப் பாத்துக் குறியுங்கோ. சேவ் அடையாளம் சுத்தேக்கை கரண்ட் போனால் அந்தக் கோப்பே பழுதாகலாம். சின்ன யூபிஎஸ் இருந்தால் சேவ் பண்ணி ஒழுங்கா நிப்பாட்ட நேரம் கிடைக்கும்.

கேள்வி (நல்லூர்): ஆறு மணித்தியாலத்திலை முடியிற கேமுக்குக் காசு குடுக்கலாமோ?

பதில்: டைட்டன்ஃபோல் 2இன்ரை (2016) கதை ஏறக்குறைய அவ்வளவுதான். அதிலை கையிலை கட்டின கருவியாலை கடந்தகாலத்துக்கும் நிகழ்காலத்துக்கும் மாறி மாறிப் போற கட்டம் ஒண்டு இருக்கு. இடிஞ்ச தரை பழைய காலத்திலை முழுசா இருக்கும், ஆனால் அங்கை காவலும் இருக்கும். கேம் செய்த ஆக்கள் அந்தக் கருவியை ஒரு கட்டத்தோடை விட்டிட்டு அடுத்த யோசனைக்குப் போட்டினம், இழுத்தடிக்கேல்லை. அப்பிடியான கேமுக்குக் காசு குடுக்கலாம்.

சந்தேகம் எண்டால் ஸ்டீம் எண்ட இணையக் கேம் கடையிலை வாங்குங்கோ. வாங்கி 14 நாளுக்குள்ளை, 2 மணித்தியாலத்துக்குக் குறைவா விளையாடியிருந்தால் காசைத் திருப்பிக் கேக்கலாம். மெனுவிலை நிக்கிற நேரமும் கணக்கிலை சேரும். அதாலை செற்றிங்ஸ் எல்லாம் முதல் 10 நிமிசத்துக்குள்ளை முடிச்சுப்போட்டுச் சண்டைக்குப் போங்கோ.