முற்றத்தை உடைக்காமல் டிரெய்னேஜ் லைனைச் சரிசெய்ய முடியுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

தமிழ்நாடு-கேரள எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: தோண்டாமல் வேலை முடியுமா? பல நேரம் முடியும். ஆனால் குழாய்க்குள் என்ன கோளாறு என்று பார்க்காமல் முடியும் என்றோ முடியாது என்றோ யாரும் சொல்லக் கூடாது. அதனால் கீழே பதிலுக்குப் பதில் கேமரா, கேமரா என்று சொல்லிக்கொண்டே இருப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணே, வீட்டு முற்றம் முழுக்க இன்டர்லாக் கல் போட்டாச்சு. அடியில் அப்பா காலத்து நாலு இஞ்ச் மண் பைப். பக்கத்தில் பெரிய அயனி மரம். ஒவ்வொரு எடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைக்கும் அடைத்துக்கொள்கிறது. உள்ளேயே லைனர் போட்டுத் தருவதாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா? (மார்த்தாண்டம்)

நம்பலாம், உங்கள் வீட்டுக் கோளாறுக்கு அது பொருத்தமான வேலைதான். அந்தக் காலத்து மண் பைப் சின்னச் சின்னத் துண்டுகளாக வரும், இரண்டு மூன்று அடிக்கு ஒரு ஜாயின்ட், அதில் சிமென்ட் பூசியிருப்பார்கள். வருடங்கள் போகப்போக அந்தச் சிமென்ட் விரிசல் விடும், ஈரம் கசியும், ஈரத்தைத் தேடி முடி போல மெல்லிய வேர் உள்ளே நுழையும். நுழைந்த பிறகு அதற்குத் தண்ணீருக்கும் உரத்துக்கும் குறைவே இல்லை. கொத்தாகத் தடித்து, வருகிற துணியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் பிடித்து வைத்துக்கொள்ளும். கம்பி விட்டுக் குத்தினால் வழி கிடைக்கும், ஆனால் ஜாயின்ட் திறந்தபடியே இருப்பதால் அடுத்த மழைக்குள் வேர் மறுபடி வந்துவிடும்.

லைனர் வேலை என்பது இதுதான். முதலில் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும். அப்புறம் வேரை வெட்டி, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுகிற ஜெட்டிங் மிஷினால் கழுவி, மறுபடி கேமரா. பிறகு பாலியெஸ்டர் நாரால் ஆன ஒரு நீளப் பையை ரெசினில் (இறுகிக் கெட்டியாகிவிடும் பிசின்) ஊறவைத்து, காற்று அல்லது தண்ணீர் அழுத்தத்தால் குழாய்க்குள் தள்ளுவார்கள். காலுறையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்புகிறோமே, அப்படித் திரும்பிக்கொண்டே பை உள்ளே போகும், ரெசின் பக்கம் பழைய குழாயின் சுவரில் ஒட்டும். வெந்நீரோ நீராவியோ புற ஊதா விளக்கோ கொடுத்து இறுக வைத்தால் பழைய பைப்புக்குள் ஜாயின்டே இல்லாத புது பைப் தயார். இது நேற்று வந்த வித்தையும் இல்லை. 1971-ல் லண்டனில் ஹேக்னி பகுதியில் எரிக் வுட் என்பவர் முதன்முதலில் போட்டுக் காட்டியது. ஒழுங்காகச் செய்த லைனரை 50 வருடம் தாங்கும் என்று கணக்கிட்டுத்தான் வடிவமைக்கிறார்கள்.

நாலு இஞ்ச் குழாயில் லைனர் 3 மில்லிமீட்டர் அளவில் இருக்கும், உள்விட்டம் கொஞ்சம் குறையும், ஆனால் உள்பக்கம் வழவழப்பாகிவிடுவதால் தண்ணீர் ஓட்டத்துக்குப் பாதகமில்லை. கவனிக்க வேண்டியது வேறு. குளியலறை லைனோ சமையலறை லைனோ நடுவில் வந்து சேர்கிறது என்றால் லைனர் அந்த வாயையும் மூடிவிடும், உள்ளிருந்தே கட்டர் விட்டு அதைத் திறக்க வேண்டும். அவரிடம் அந்தக் கட்டர் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். செங்குத்தான பெண்ட் இருந்தால் அங்கே லைனர் மடிப்பு விழும், அந்த மடிப்பே அடைப்புக்கு இடமாகிவிடும். வேலைக்கு முன் எடுத்த வீடியோ, வேலைக்குப் பின் எடுத்த வீடியோ இரண்டும் கையில் வந்த பிறகுதான் முழுப் பணமும். இன்னொன்று, மழைக்காலத்தில் செய்யாதீர்கள். நிலத்தடி நீர் ஜாயின்ட் வழியாகப் பீறிட்டு வந்தால் ரெசினைக் கழுவிக்கொண்டு போகும். நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, தை, மாசி, பங்குனிதான் நல்ல நேரம்.

கேள்வி: கிணற்றுத் தண்ணீரில் நாற்றம். செப்டிக் டேங்குக்குப் போகிற பைப் கிணற்றை ஒட்டித்தான் போகிறது. லைனர் போட்டால் சரியாகுமா? (பாறசாலை)

இந்தக் கேள்வியைத் தள்ளிப் போடாதீர்கள். இன்றே அந்தத் தண்ணீரைக் குடிப்பதை நிறுத்துங்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், மற்ற அழுக்கு போகாது. லேபில் கொடுத்து ஈ-கோலி (மலத்தில் இருக்கும் பாக்டீரியா) பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். பிறகு பைப்பின் கடைசியை ரப்பர் பலூனால் அடைத்து, மேல் சேம்பர் (லைனைத் திறந்து பார்க்கும் தொட்டி) வரை தண்ணீர் நிரப்பிக் கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்கள். மட்டம் சட்டென்று இறங்கினால் குற்றவாளி பைப்தான். ஒரே இடத்தில் மட்டும் உடைப்பு என்றால் முழு லைனர்கூட வேண்டாம், ஓரிரு அடி நீளத்துக்கு ஒட்டுப் போடலாம்: ரெசினில் நனைத்த துணியைப் பலூனில் சுற்றி உள்ளே கொண்டுபோய், அந்த இடத்தில் ஊதி, இறுகியதும் பலூனை வெளியே எடுத்துவிடுவார்கள். வேலை முடிந்ததும் கிணற்றை இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டு, மறுபடி பரிசோதனை.

மட்டம் இறங்கவில்லை என்றால் டேங்கையும் உறிஞ்சு குழியையும் பாருங்கள். உங்கள் கேரளக் கட்டட விதி, கிணற்றுக்கும் உறிஞ்சு குழிக்கும் நடுவே 7.5 மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது. அஞ்சு சென்ட், ஆறு சென்ட் மனையில் பக்கத்து வீட்டுக் குழி உங்கள் கிணற்றுக்கு எவ்வளவு தூரம் என்பதையும் அளக்க வேண்டும். வெட்டுக்கல் மண்ணில் ஓட்டைகள் நிறைய, கழிவு நாம் நினைப்பதைவிட வேகமாக நடக்கும்.

கேள்வி: வயலை மண் போட்டு நிரத்திக் கட்டிய வீடு. பி.வி.சி. பைப் நடுவில் தொய்ந்து எப்போதும் தண்ணீர் தேங்குகிறது. லைனர்? (குழித்துறை)

வேண்டாம், பணம் வீண். லைனர் பழைய குழாயின் வளைவை அப்படியே பிடித்துக்கொள்ளும், தொய்வை நிமிர்த்தாது. தோண்டத்தான் வேண்டும். அந்தத் துண்டை எடுத்து, அடியில் மண்ணை நன்றாக இடித்து, மணல் படுக்கை போட்டு, நாலு இஞ்சுக்கு 40 அடிக்கு ஓர் அடி வாட்டம் வைத்துப் பதியுங்கள். முழுசாக இடிந்து உட்கார்ந்த குழாய்க்கும் இதே பதில்தான்.

கேள்வி: எங்கள் லாட்ஜ் சாரல் சீசனில் நிரம்பி வழிகிறது. பைப்பும் நாலு இஞ்ச், சேம்பரும் வழிகிறது. தெரு முழுக்க தார் ரோடு. தோண்டாமல் ஆறு இஞ்ச் ஆக்க முடியுமா? (செங்கோட்டை)

இதற்கு லைனர் உதவாது, அது குழாயைச் சின்னதாக்குமே தவிர பெரிதாக்காது. பைப் பர்ஸ்டிங் என்று வேறொரு முறை இருக்கிறது. 1970-களின் கடைசியில் பிரிட்டனில் பழைய கேஸ் குழாய்களை மாற்றக் கண்டுபிடித்தது. இரண்டு முனையிலும் ஒரு குழி மட்டும் தோண்டி, கூம்பு மாதிரியான இரும்புத் தலையைப் பழைய குழாய்க்குள் இழுப்பார்கள், அது குழாயை உடைத்து மண்ணோடு ஒதுக்கிக்கொண்டே போகும், பின்னாலேயே புது ஹெச்.டி.பி.இ. (கெட்டி பிளாஸ்டிக்) குழாய் வரும். மண் பைப் நொறுங்கிப் போகும், அதனால் இதற்கு வசதி.

ஆனால் உங்கள் ஊர் மலையடிவாரம், அதுதான் எனக்கு யோசனையாக இருக்கிறது. பாறையிலோ கெட்டி வெட்டுக்கல்லிலோ குறுகலாக வெட்டிய பள்ளத்தில் அந்தப் பைப் கிடந்தால், உடைந்த துண்டு பக்கவாட்டில் ஒதுங்க இடம் இருக்காது, அழுத்தம் மேலே கிளம்பி ரோட்டைத் தூக்கும். பக்கத்திலேயே குடிநீர்க் குழாய் போனால் அதுவும் உடையும். அதனால் ஒன்றிரண்டு இடத்தில் சோதனைக் குழி போட்டு மண்ணைப் பார்க்காமல் ஒப்பந்தம் போடாதீர்கள். தெரு உங்கள் சொத்து இல்லை, நகராட்சி அனுமதியும் வேண்டும். அதற்கெல்லாம் முன்னால் சமையலறைக்கு ஒரு கிரீஸ் டிராப் (எண்ணெய்ப் பிசுக்கைப் பிடித்து வைக்கும் தொட்டி) வைத்து, கேமராவும் விட்டுப் பாருங்கள். குழாய் சின்னது என்று நினைத்த பல ஓட்டல்களில் உள்ளே உறைந்த எண்ணெய்தான் பாதி இடத்தை அடைத்திருக்கும்.

கேள்வி: எங்கள் தெருவில் மெயின் லைனுக்கு உள்ளே லைனர் போடப் போகிறார்களாம். பிளாஸ்டிக் நாற்றம் வீட்டுக்குள் வரும் என்கிறார்கள், உண்மையா? (கரமனை, திருவனந்தபுரம்)

வரலாம். பாலியெஸ்டர், வினைல் எஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் இருக்கிறது, மிகக் கொஞ்சம் இருந்தாலே மூக்குக்குத் தெரியும். எப்போதும் உபயோகிக்காத குளியலறையில் தரை டிராப் (நாற்றம் ஏறாமல் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவு) காய்ந்து கிடக்கும், அந்த வழியாகத்தான் வீட்டுக்குள் ஏறும். முந்தின நாளே எல்லா டிராப்பிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். நாற்றம் வந்தால் ஜன்னலைத் திறந்து வையுங்கள், தலைவலித்தால் வெளியே போய்விடுங்கள். குழந்தைகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் அன்றைக்கு வேறு வீட்டில் இருப்பது நல்லது. உங்கள் வீட்டு இணைப்பைத் திறந்துவிட்டோம் என்று அவர்கள் சொல்லும்வரை தண்ணீர் விடாதீர்கள், போக வழி இல்லாமல் உங்கள் கக்கூஸிலேயே திரும்பி வரும்.

கேள்வி: ஆசிட் ஊற்றினால் வேர் சாகாதா? மயில்துத்தம்? (திங்கள்சந்தை)

ஆசிட் சிமென்ட் ஜாயின்டைத்தான் முதலில் தின்னும். மயில்துத்தம் செப்டிக் டேங்கில் கழிவைச் செரிக்கிற பாக்டீரியாவைக் கொல்லும். இரண்டும் வேண்டாம்.

கேள்வி: கேமராவுக்கும் ஜெட்டிங்குக்கும் ஆகிற செலவில் கால் பங்குக்கு ஓர் ஆள் மேன்ஹோலில் இறங்கிச் சுத்தம் செய்துவிடுகிறேன் என்கிறார். செய்யலாமா? (நாகர்கோவில்)

செய்யவே கூடாது. எவ்வளவு அவசரமாக இருந்தாலும் கூடாது. கழிவு தேங்குகிற இடத்தில் ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகும். கான்கிரீட் குழாயின் மேல்பக்கத்தையே அமிலமாக மாறி அரித்துவிடுகிற வாயு அது. லேசாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் வரும், அளவு கூடினால் மூக்கே மரத்துப் போகும், நாற்றம் இல்லையே என்று இறங்குகிறவர் அப்படியே விழுவார். பாதுகாப்பு இல்லாமல் ஆளைச் சாக்கடைக்குள் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது, இறக்கச் சொன்னவரும் சிறைக்குப் போக வேண்டிவரும். இறந்தவர் குடும்பத்துக்குத் தரவேண்டிய இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. ஆளுக்குப் பதில் குழிக்குள் இறங்கி அள்ளுகிற பேண்டிகூட் ரோபோவை 2018-லேயே நம் பக்கத்துத் திருவனந்தபுரத்து இளைஞர்கள் செய்து காட்டிவிட்டார்கள். மெயின் லைன் அடைப்பு என்றால் மாநகராட்சியிடம் ஜெட்டிங் வண்டி கேளுங்கள், வீட்டு லைன் என்றால் மேலிருந்தே மிஷின் வைத்துச் செய்கிறவரைக் கூப்பிடுங்கள். யாராவது ஏற்கெனவே உள்ளே விழுந்துவிட்டால் காப்பாற்றுகிறேன் என்று பின்னால் குதிக்காதீர்கள், அப்படித்தான் ஒரே குழியில் இரண்டு பேர், மூன்று பேர் போகிறார்கள். 101-க்கு அடித்து, ஆள் விழுந்த குழி எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆழம், உள்ளே எத்தனை பேர் என்று சொல்லிவிட்டு, மற்றவர்களை வாய்ப்பக்கத்திலிருந்து தள்ளி நிறுத்துங்கள்.