குதிரை வாங்க வர்றவங்க குதிரைய பாக்கறதே இல்ல!

இந்த மாசம் பெங்களூர் வாசகர்கள்கிட்டேருந்து வந்த கேள்விகள்ல முக்காவாசி ஒரே விஷயம்தான். வீட்ல ஆசையா வளத்த குதிரைய விக்கணும், ஏஜெண்ட் வேணாம், நாமளே வித்துடலாம்னு பாத்தா வர்ற ஆளுங்கள சமாளிக்க முடியல. எலஹங்கா, ஹெசரகட்டா, சர்ஜாபூர்னு ஊர் பூரா ரைடிங் ஸ்கூல் இருக்கு, ரேஸ்ல ஓடி முடிச்ச குதிரைங்களும் அங்கதான் வந்து சேருது, அதனால இது ஆச்சரியமும் இல்ல.

கேள்வி: சார், பொண்ணு மேல்படிப்புக்கு ஜெர்மனி போறா, அவளோட குதிரைய விக்கறோம். 9 வயசு தரோபிரெட் (ரேஸுக்குன்னே வளக்கற ஜாதி), பொட்டக் குதிரை, 15.2 ஹேண்ட் உயரம், அதாவது தோள் வரைக்கும் சுமார் 5 அடி 2 அங்குலம், முன்னாடி ரேஸ்ல ஓடினது. வாட்ஸப் குரூப்ல போட்டோவோட "ரொம்ப சாது, யார் வேணா ஓட்டலாம்"னு போட்டேன். அவ்ளோதான், ஆரம்பிச்சுது. ஒருத்தர் பேரு கூட சொல்லாம "லாஸ்ட் எவ்ளோ"ன்னு கேக்கறார், நான் சொன்ன உடனே "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி மேடம்"ங்கறார், இன்னும் குதிரைய பாக்கவே இல்ல. ஞாயித்துக்கிழமை ஒரு குடும்பமே வந்து கொழந்தைங்கள ஒவ்வொண்ணா ஏத்தி போட்டோ எடுத்துட்டு, பொண்ணு பாக்க வந்து பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டவங்க மாதிரி "ஊருக்குப் போய் சொல்லி அனுப்பறோம்"னு போயிட்டாங்க. இன்னொருத்தர் வாய தொறந்து பாத்து இதுக்கு 14 வயசுங்கறார், சுழி வேற சரியில்லையாம், பாதி விலைக்கு தர்றீங்களான்னு கேட்டார். கடைசியா வந்தவர் ஒரு மாசம் ட்ரையலுக்கு அவர் பண்ணைக்கே கொண்டு போறேங்கறார். நான் என்ன செய்யட்டும்? (ஒரு அம்மா, ஜக்கூர்)

பதில்: அம்மா, கோச்சுக்காதீங்க, இந்த கூட்டத்துல பாதி பேர கூப்பிட்டது உங்க விளம்பரம்தான். ரேஸ்ல ஓடின தரோபிரெட்ட "யார் வேணா ஓட்டலாம்"னு போட்டா யார் வேணாதான் வருவாங்க. அத எடுத்துட்டு குதிரைய பத்தி கசப்பான விஷயத்தையும் சேத்து எழுதுங்க, ரேஸ விட்டு எவ்ளோ நாளாச்சு, எதப் பாத்து மிரளும், கால்ல பழைய அடி ஏதாவது இருக்கா, லாயத்து கதவ கடிச்சு காத்த முழுங்கற பழக்கம் உண்டா, புதுசா கத்துக்கறவங்களுக்கு ஆகாதுன்னு தெளிவா ஒரு வரி. விலையையும் போட்டுடுங்க, "விலை நேர்ல"ன்னு போட்டாதான் லாஸ்ட் எவ்ளோ கோஷ்டி வரும். ஓட்டறவங்க எடையையும் குறிப்பிடலாம், ஆளும் சேணமும் சேத்து குதிரை எடையில அஞ்சுல ஒரு பங்குக்கு மேல போகக் கூடாதுன்னு பொதுவா ஒரு கணக்கு வெச்சிருக்காங்க, உங்க குதிரை 450 கிலோன்னா 90 கிலோ. பல பேர் அந்த வரியிலயே கழண்டுக்குவாங்க, சந்தோஷம்.

போன்லயே கேள்வி கேளுங்க. ஓட்டப் போறது யாரு, எத்தன வருஷமா ஓட்டறாங்க, குதிரைய எங்க கட்டுவீங்க, லாடம் அடிக்க யார் வருவாங்க, ராத்திரி வயித்து வலி வந்தா எந்த டாக்டர கூப்பிடுவீங்க. நிஜமா வாங்கறவங்க இதுக்கு ரோஷப்பட மாட்டாங்க, அவங்களே இன்னும் நாலு கேள்வி கேப்பாங்க. "அதெல்லாம் பாத்துக்கலாம் மேடம், லாஸ்ட் சொல்லுங்க"ன்னா போன வெச்சுடுங்க. பாக்காம விலை பேசறதில்லன்னு சொல்றதுல தப்பே இல்ல, மாட்டுச் சந்தையில துண்டுக்கு அடியில விரல் பிடிச்சு பேசறவங்க கூட மாட்ட ஒரு சுத்து சுத்தி பாத்துட்டுதான் கைய நீட்டறாங்க.

நேர்ல வர்றப்போ குதிரைய முன்கூட்டியே ஓட்டி சூடு பண்ணி வெக்காதீங்க. லாயத்துலேருந்து அப்படியே வெளிய கொண்டு வந்து அவங்க கண் முன்னாடி சேணம் போடுங்க, கெட்டித் தரையில ட்ராட் (மிதமான ஓட்டம்) ஓட விட்டு காட்டுங்க, அப்புறம் உங்க பொண்ணு ஏறி ஓட்டட்டும், அதுக்கப்புறம்தான் அவங்க. மூடின வளாகத்துக்குள்ள மட்டும், ஹெல்மெட் இல்லன்னா ஏத்தவே வேணாம், எவ்ளோ பெரிய மனுஷனா இருந்தாலும் சரி. கொழந்தைங்கள போட்டோவுக்கு ஏத்தறது கண்டிப்பா கூடாது, கீழ விழுந்தா போலீஸ் ஸ்டேஷனுக்கு நீங்கதான் அலையணும்.

நான் பாக்கறது ஒண்ணு உண்டு, அந்த ஆள் குதிரைகிட்ட எப்படி வர்றார்ங்கறது. தெரிஞ்சவங்க தோள் பக்கமா வந்து, ஒரு நிமிஷம் நின்னு, கழுத்த தடவிட்டு, அப்புறம் முன்னங்கால் ரெண்டையும் முட்டியிலேருந்து கீழ வரைக்கும் கையால வழிச்சு பாப்பாங்க, ஒரு கால் இன்னொண்ண விட சூடா இருக்கான்னு. தெரியாதவங்க நேரா பின்னாடியிலேருந்து வருவாங்க, அங்க குதிரைக்கு கண்ணே தெரியாது, இல்லன்னா வந்த உடனே உதட்ட புடிச்சு இழுப்பாங்க. அந்த 14 வயசு சொன்னவர் ரெண்டாவது ரகம்னு நெனைக்கறேன். மேல் வரிசையில ஓரத்து வெட்டுப்பல்லுல ஒரு பழுப்புக் கோடு ஈறுகிட்ட எட்டிப் பாக்க ஆரம்பிக்கறதே 10 வயசு வாக்குலதான், 15ல பாதி பல் வரைக்கும் இறங்கும், 20ல முழுசா. உங்க குதிரைக்கு அந்தக் கோடே இருக்காது, 14ன்னா பாதிகிட்ட வந்திருக்கணும். தரோபிரெட்டுக்கு பிறந்த தேதியோட பதிவு இருக்குமே, குதிரையோட பாஸ்போர்ட்ட எடுத்து காட்டிடுங்க, பேச்சு முடிஞ்சுது.

சுழிக்கு மட்டும் வாதாடாதீங்க. அவர் நிஜமா நம்பறாரா விலைய கொறைக்க சொல்றாரான்னு கண்டுபிடிக்கறது கஷ்டம், ரெண்டுல எதுவா இருந்தாலும் அவருக்கு விக்காதீங்க. நம்பறவர்னா நாளைக்கு வியாபாரத்துல நஷ்டம் வந்தா கூட குதிரையதான் திட்டுவார். இதுவே நாலு காலும் மூஞ்சியும் வெள்ளையா பஞ்சகல்யாணியா இருந்திருந்தா காலு நொண்டினாலும் கண்ணுல படாது, அப்படியும் ஆளுங்க இருக்காங்க.

ஒரு மாச ட்ரையலுக்கு நேரா நோ. புடிச்சா வெச்சுக்கறேன், இல்லன்னா திருப்பித் தர்றேன்னு குடுத்து அனுப்பற சரக்குக்கு, அவர் சம்மதம்னு சொல்ற வரைக்கும் இல்ல பேசின கெடு தாண்டற வரைக்கும் சொந்தக்காரர் நீங்கதான், 1930ம் வருஷ சரக்கு விற்பனைச் சட்டம் 24வது பிரிவு அப்படித்தான் சொல்லுது, சொத்து யார்கிட்டயோ நஷ்டமும் அவங்ககிட்ட. 1880ல இங்கிலாந்துல இதே கேஸ், 8 நாள் பாத்துட்டு சொல்லுங்கன்னு குடுத்த குதிரை மூணாவது நாள் செத்துப் போச்சு, கொண்டு போனவர் மேல தப்பு இல்லன்னு ஆனதும் நஷ்டம் வித்தவர் தலையில விழுந்துது. அதனால ட்ரையல் உங்க லாயத்துலயே, ரெண்டு மூணு தடவ வந்து ஓட்டிப் பாக்கட்டும், அவருக்கு தெரிஞ்ச டாக்டர அவர் செலவுல கூட்டிட்டு வந்து காட்டட்டும், உங்க டாக்டர் வேணாம், பின்னாடி பேச்சு வரும். அட்வான்ஸ் வாங்கினா எத்தன நாளைக்குன்னு ரசீதுலயே எழுதிடுங்க, அந்த நாள் தாண்டினா அடுத்த ஆள்.

கேள்வி: நான் வித்த குதிரைக்கு முன்னங்கால்ல பழைய தசைநார் காயம் உண்டு. வாங்க வந்தவர் எதுவும் கேக்கல, நானும் சொல்லல. இப்போ ரெண்டு வாரம் கழிச்சு நொண்டுது, காசத் திருப்பிக் குடு இல்லன்னா கேஸ்னு மிரட்டறார். கேக்காதத சொல்லாதது தப்பா? (ஒரு இளைஞர், சர்ஜாபூர் ரோடு)

பதில்: தம்பி, நம்ம ஒப்பந்தச் சட்டம் 1872ல எழுதினப்போ மோசடின்னா என்னங்கற 17வது பிரிவுக்கு உதாரணம் தேடினவங்க எடுத்துக்கிட்டதே குதிரையத்தான். ஒருத்தர் ஏலத்துல நோஞ்சான் குதிரைய விக்கறார், தெரிஞ்சும் வாய தொறக்கல, இது மோசடி இல்ல. அடுத்தது, வாங்கறது அவரோட இப்பதான் மேஜரான பொண்ணு, அப்போ உறவே சொல்ல வேண்டிய கடமைய உண்டாக்கிடுது. மூணாவதுதான் உங்களுக்கு, வாங்கறவர் "நீங்க மறுக்கலன்னா குதிரை நல்லா இருக்குன்னு எடுத்துக்கறேன்"ங்கறார், விக்கறவர் சும்மா நிக்கறார், இங்க சும்மா நின்னதே பேசின மாதிரி.

அதனால யோசிச்சுப் பாருங்க, நிஜமாவே எதுவும் கேக்கலையா, இல்ல போற போக்குல "கால் கைல்லாம் ஓகே தானே, ஒண்ணும் இல்லன்னா பேசாம இருங்க"ன்னு ஏதாவது சொன்னாரா, வாட்ஸப்ல மெசேஜ் இருக்கான்னும் தேடுங்க, இந்தக் காலத்துல கேஸே அங்கதான் இருக்கு. அவர் வந்த அன்னிக்கு வலி தெரியாம இருக்க மருந்து ஏதும் குடுத்திருந்தீங்கன்னா அது மௌனம் இல்ல, மறைக்கறது, சட்டப்படி சுத்தமான மோசடி, உடனே போய் பேசி காசக் குடுத்து குதிரைய கூட்டிட்டு வந்துடுங்க. அப்படி எதுவும் இல்லன்னா ஒரு வக்கீல்கிட்ட பேப்பரக் காட்டுங்க. ஆனா சட்டம் உங்க பக்கம்னே வெச்சுக்கிட்டாலும் நீங்க செஞ்சது எனக்குப் புடிக்கல. காயம் ஆறின காலோட மெதுவா சவாரி போக ஆள் கெடைப்பாங்க, இவர் ஜம்பிங்குக்கு வாங்கியிருந்தா அந்தக் கால் என்ன ஆகும்?

அடுத்த தடவ விக்கறப்போ, விக்கற காகிதத்துலயே காயத்த எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போடுங்க. வாங்கறவரோட டாக்டர் குதிரை ரத்தம் எடுத்து வெக்கறேன்னாலும் சரின்னுடுங்க, வலி மருந்து குடுக்கலங்கறதுக்கு உங்களுக்கே அது சாட்சி.

கேள்வி: ராணுவ அதிகாரின்னு சொல்றார், குதிரைய பாக்க வேணாம் போட்டோவே போதும், முழுப் பணமும் அனுப்பறேன், க்யூஆர் அனுப்பியிருக்கேன் ஸ்கேன் பண்ணுங்கங்கறார். (ஒரு வாசகர், கனகபுரா ரோடு)

பதில்: ஸ்கேன் பண்ணாதீங்க. பணம் வர்றதுக்கு ஸ்கேனும் வேணாம் பின் நம்பரும் வேணாம், பின் போட்டா உங்க காசுதான் போகும். ஏற்கனவே போட்டுட்டீங்கன்னா இப்பவே சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு போன் பண்ணுங்க, பேங்குக்கும் சொல்லுங்க.

கேள்வி: வாங்கறவர் நாளைக்கே லாரி கொண்டு வந்து தமிழ்நாட்டுக்கு ஏத்தறேங்கறார். சர்டிபிகேட்டுக்கெல்லாம் எதுக்கு அலையணும், நம்ம லாரிய எவன் நிறுத்தப் போறான்னு கேக்கறார். (ஒரு வாசகி, ஹெசரகட்டா)

பதில்: அவசரப்படறவர் கூட பேசறப்போ நீங்க இன்னும் மெதுவா பேசுங்க. குதிரைய வண்டியில ஏத்தறதுக்கு பயணத்துக்கு லாயக்குன்னு கால்நடை டாக்டர் சர்டிபிகேட் வேணும்னு 1978லயே விதி இருக்கு. அத விட முக்கியம் கிளாண்டர்ஸ் டெஸ்ட், அது குதிரைக்கு வர்ற ஒரு தொத்து வியாதி. மூக்குல சளி வடியும், தோல்ல கட்டி கட்டியா வரும், சில சமயம் வெளிய ஒண்ணுமே தெரியாது, மனுஷங்களுக்கும் தொத்தும். இருக்குன்னு உறுதியானா சட்டப்படி அந்தக் குதிரைய வெச்சிருக்க விட மாட்டாங்க, கொன்னுடணும். நாளைக்கு அவர் ஊர்ல ஒரு குதிரைக்கு வந்து எங்கேருந்து வந்துதுன்னு விசாரிச்சா முதல்ல உங்க பேருதான் வரும். டெஸ்ட்டுக்கு ரத்தம் எடுத்து ரிப்போர்ட் வர நாளாகும், விளம்பரம் போடறதுக்கு முன்னாடியே எடுத்துடுங்க. அப்பவும் அவசரம்னா அவர் வேற குதிரை பாத்துக்கட்டும்.

கேள்வி: கல்யாண ஊர்வலத்துக்கு குதிரை விடறவர் எல்லாரையும் விட நல்ல விலை சொல்றார். வீட்ல பசங்க அழறாங்க. குடுக்கலாமா? (ஒரு அப்பா, ஆர்.டி. நகர்)

பதில்: தொழில வெச்சே வேணாம்னு சொல்ல மாட்டேன், வாரக் கடைசியில மட்டும் எட்டிப் பாக்கற சவாரி ஆசாமிய விட சில பேர் நல்லாவே பாத்துக்கறாங்க. ரெண்டு விஷயம் பாருங்க. உங்க குதிரை பேண்டு, பட்டாசு, ஜெனரேட்டர் சத்தத்த தாங்குமா? குக்கர் விசிலுக்கே துள்ளற ஜாதின்னா விலை எவ்ளோவா இருந்தாலும் வேணாம், மாப்பிள்ளையையும் சேத்து தள்ளிடும். தாங்கும்னா அவர்கிட்ட ஏற்கனவே இருக்கற குதிரைங்கள போய் பாருங்க, கடிவாளம் இழுத்து வாயோரம் புண்ணா இருக்கா, சேணம் உக்கார்ற இடத்துல முடி கொட்டி காச்சுப் போயிருக்கா, கொளம்பு வெடிச்சிருக்கா, தொட்டியில தண்ணி இருக்கா. போறத முன்னாடியே சொல்லாதீங்க, ஊர்வலம் முடிஞ்ச மறுநாள் காலைல போங்க.