தடுமாறும் இளம் ஹாக்கி வீரருக்கு என்ன விலை? கேள்வி பதில்

ஹாக்கி என்று இங்கே சொல்வதெல்லாம் ஐஸ் ஹாக்கி, அதிலும் வட அமெரிக்காவின் முதன்மை லீக்கான என்எச்எல். டிராஃப்டில் (அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) மேல் இடத்தில் எடுத்த பையன் இரண்டு மூன்று வருஷமாகத் தடுமாறினால் அவனை வேறு அணிக்கு டிரேடு செய்யலாமா, அதாவது பண்டமாற்றாகக் கொடுக்கலாமா, செய்தால் என்ன கிடைக்கும் என்று வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, முதல் ஐந்துக்குள் எடுத்த பையன் ஒரு சீசன் முழுக்க ஒரே ஒரு கோல் போட்டால், அவனுக்கு இன்னும் விலை இருக்கிறது என்று யார் நம்புவார்கள்?

மினசோட்டா வைல்டு நம்பியது, நல்ல லாபமும் பார்த்தது. நீனோ நீடர்ரைட்டரை நியூயார்க் ஐலண்டர்ஸ் 2010 டிராஃப்டில் 5ஆவது இடத்தில் எடுத்தது. 2011-12 சீசனில் அவர் ஆடியது 55 ஆட்டம். அடித்தது 1 கோல், அசிஸ்ட் (இன்னொருவர் கோலுக்கு வழிசெய்யும் பாஸ்) ஒன்றுகூட இல்லை. இதை மட்டும் பார்த்தால் பையன் தேறமாட்டான் என்றுதான் தோன்றும். ஆனால் அப்போது அவருக்கு 19 வயது. பெரும்பாலும் நான்காவது லைன், அதாவது மிகக் குறைவாக ஆடவிடும் கடைசி மூவர் கூட்டணி, ஆட்டத்துக்குப் பத்து நிமிடம் அளவில்தான் ஐஸ். கோல் போடத் தெரிந்த ஒரு விங்கரை (ஓரத்தில் ஆடும் தாக்குதல் வீரரை), எதிரணியை முட்டி மோதித் தடுப்பதே வேலையாக உள்ள இரண்டு பேருக்கு நடுவில் விட்டால் வேறென்ன நடக்கும்?

அடுத்த சீசன், என்எச்எல்லுக்கு அடுத்த கீழ்நிலை லீக்கான ஏஎச்எல்லில் 28 கோல் போட்டார். ஒப்பந்தத் தகராறில் அணி உரிமையாளர்கள் ஆட்டங்களை நிறுத்திவைத்த லாக்அவுட் முடிந்து 2013 ஜனவரியில் நடந்த கேம்புக்கு அவரை அழைக்கவே இல்லை, அவரும் டிரேடு கேட்டுவிட்டார். ஜூனில் ஐலண்டர்ஸ் அவரை மினசோட்டாவுக்குக் கொடுத்து, கால் க்ளட்டர்பக்கையும் ஒரு மூன்றாம் சுற்றுப் பிக்கையும் (டிராஃப்டில் ஓர் ஆளை எடுக்கும் உரிமை) வாங்கிக்கொண்டது. பத்து மாதம் கழித்து, கொலராடோவுக்கு எதிரான பிளேஆஃப் தொடரின் ஏழாவது ஆட்டம், ஓவர்டைம். வலது பக்கத்திலிருந்து மேல் மூலையைப் பார்த்து ஒரு ஷாட் அடித்து மினசோட்டாவை அடுத்த சுற்றுக்குக் கொண்டுபோனவர் இதே நீடர்ரைட்டர். அன்று அது அவருடைய இரண்டாவது கோல்.

எனவே நான் முதலில் கேட்பது, பையனால் முடியவில்லையா, முடிவதைச் செய்ய இடம் கிடைக்கவில்லையா என்பதுதான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

கேள்வி: அதை எண்ணிக்கையில் எப்படிக் கண்டுபிடிப்பது? பாயின்ட்ஸ் (கோலும் அசிஸ்ட்டும் சேர்ந்த கணக்கு) குறைவு என்றால் குறைவுதானே?

கோல் எண்ணிக்கையைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு ஷாட்டைப் பாருங்கள். என்எச்எல்லில் சராசரியாகப் பத்து ஷாட்டுக்கு ஒரு கோல் விழும். 150 ஷாட் அடித்து 6 கோல் போட்டவனும் 45 ஷாட் அடித்து 6 கோல் போட்டவனும் பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பார்கள். முதல் ஆளை நான் இன்றே வாங்குவேன், ஏனென்றால் வாய்ப்பை உருவாக்கும் திறமை அவனிடம் இருக்கிறது, கோல் கணக்கு அநேகமாக அடுத்த வருஷம் தானாகச் சரியாகும். இரண்டாமவன் ஷாட் அடிக்கிற இடத்துக்கே போய்ச் சேரவில்லை.

அப்புறம், ஐந்துக்கு ஐந்து ஆட்டத்தில் 60 நிமிடத்துக்கு எத்தனை பாயின்ட் என்று கணக்கிடுங்கள். பவர்பிளே (எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் நேரம்) கிடைக்காத பையனை, கிடைக்கிற பையனோடு நியாயமாக ஒப்பிட இதுதான் வழி. ஏஎச்எல் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே எடுக்கும் பாயின்ட்ஸில் பாதிக்கும் குறைவாகத்தான் மேலே வரும் என்று வைத்துக்கொள்வது பத்திரம்.

கேள்வி: 2024 கடைசியில் கொலம்பஸ் யிரிசெக்குக்கு அவ்வளவு வாங்கியது. மூன்று வாரம்கூட ஆகவில்லை, நியூயார்க் ரேஞ்சர்ஸ் காக்கோவைச் சும்மா தூக்கிக் கொடுத்த மாதிரி கொடுத்தது. இரண்டு பேருமே தடுமாறினவர்கள்தானே?

வந்ததில் எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. தெரியாதவர்களுக்காக விவரம்: டேவிட் யிரிசெக் 2022இல் 6ஆவதாக எடுக்கப்பட்ட டிஃபென்ஸ்மேன். 2024 நவம்பர் 30 அன்று மினசோட்டா அவருக்காக டேமன் ஹன்ட் என்ற இளம் டிஃபென்ஸ்மேனையும், முதல் சுற்றுப் பிக் ஒன்றையும், இரண்டாம், மூன்றாம், நான்காம் சுற்றுகளில் ஒவ்வொரு பிக்கையும் கொடுத்தது. யிரிசெக்கோடு கூடவே கொலம்பஸிடமிருந்து ஓர் ஐந்தாம் சுற்றுப் பிக் மினசோட்டாவுக்கு வந்தது. காப்போ காக்கோ 2019இல் 2ஆவதாக எடுக்கப்பட்டவர், இன்னும் பெரிய பெயர். டிசம்பர் 18 அன்று சியாட்டிலிடமிருந்து அவருக்குக் கிடைத்தது வில் போர்கன் என்ற டிஃபென்ஸ்மேன், ஒரு மூன்றாம் சுற்று, ஓர் ஆறாம் சுற்றுப் பிக்.

அறுக்காத பலாப்பழத்துக்கு வாசனையை வைத்து விலை பேசுகிறோம். அறுத்த பிறகு எத்தனை சுளை என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். கொலம்பஸுக்காக யிரிசெக் ஆடியது மொத்தமே 53 ஆட்டம். 21 வயது, வலது கை, நல்ல உயரம், முதல் ஒப்பந்தச் சம்பளம். ஸ்கேட்டிங் மந்தம் என்ற குறை எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதைத் திருத்திவிடலாம் என்று நம்ப இடம் இருந்தது. காக்கோ ரேஞ்சர்ஸுக்கு 300 ஆட்டத்துக்கு மேல் ஆடிவிட்டார். ஒரு வருஷ ஒப்பந்தம், சம்பளம் 24 லட்சம் டாலர், அடுத்த கோடையில் ஏற்றம் கேட்பார். அவரிடம் கற்பனை செய்துகொள்ள மிச்சம் எதுவும் இல்லை என்று சந்தை முடிவு கட்டிவிட்டது.

சந்தை சொன்னது சரி என்று அர்த்தம் இல்லை. காக்கோ சியாட்டில் போய் 49 ஆட்டத்தில் 30 பாயின்ட் எடுத்தார். விலையும் திறமையும் வேறு வேறு. நீங்கள் விற்கிறவராக இருந்தால் விலையைப் பாருங்கள், வாங்குகிறவராக இருந்தால் திறமையைப் பாருங்கள்.

யிரிசெக்கை டிராஃப்ட் செய்த ஜெனரல் மேனேஜர் அப்போது கொலம்பஸில் இல்லை என்பதும் முக்கியம். புதிதாக வந்த டான் வாடெலுக்கு அந்தப் பிக்கைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் இல்லை. பொதுவாகவே, மேனேஜர் மாறிய முதல் வருஷத்தில் பழையவர் எடுத்த பையன்களைப் பற்றி விசாரித்துப் பாருங்கள்.

கேள்வி: ஸ்கார்பரோவிலிருந்து கேட்கிறேன். 2024இல் நிக் ராபர்ட்சன் டிரேடு கேட்டபோதே டொராண்டோ லீஃப்ஸ் அவரை விற்றிருக்க வேண்டாமா?

என்ன கிடைத்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஜூனியரில் 46 ஆட்டத்தில் 55 கோல் போட்டவர், உண்மைதான். ஆனால் உயரம் குறைவு, அடுத்தடுத்துக் காயங்கள். 2023-24இல் 14 கோல், அடுத்த சீசனில் 15. இரண்டாவதை எடுத்தது ஆட்டத்துக்கு 12 நிமிடம் அளவிலான ஐஸ் நேரத்தில். இப்படிப்பட்டவருக்கு வரும் விலை ஒரு நடுச் சுற்றுப் பிக்தான். 8,75,000 டாலர் சம்பளத்தில் 15 கோல் போடுகிற ஆளைக் கொடுத்துவிட்டு அந்தப் பிக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது? லீஃப்ஸ் அன்று வைத்துக்கொண்டதை நான் குறை சொல்லமாட்டேன். உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் அது அவருடைய இடத்தைப் பற்றிய கோபம், விலையைப் பற்றியது இல்லை.

கேள்வி: வேவர்ஸ் என்கிறார்களே, அதற்கும் விலைக்கும் என்ன சம்பந்தம்?

நிறையவே. இளம் வீரரை ஆரம்ப வருஷங்களில் அணி இஷ்டப்படி ஏஎச்எல்லுக்கு அனுப்பலாம், வரவழைக்கலாம். 18 முதல் 20 வயதுக்குள் ஒப்பந்தம் போட்டவருக்கு, வருஷக் கணக்கு முடிந்தாலோ 160 என்எச்எல் ஆட்டம் முடிந்தாலோ அந்தச் சலுகை போய்விடும். அதன்பின் கீழே அனுப்ப வேண்டுமென்றால் வேவர்ஸ் வழியாகத்தான், அங்கே வேறு எந்த அணியும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். இது எல்லா அணிகளுக்கும் தெரியும். சலுகை முடியப்போகும் செப்டம்பரில் போன் செய்தால் எதிரில் இருப்பவர் அவசரப்படமாட்டார். விற்பதென்றால் அதற்கு முந்தைய கோடையிலேயே பேசிவிட வேண்டும்.

ஒப்பந்தக் கெடுவும் இப்படித்தான். 2024 ஆகஸ்டில் எட்மன்டனின் டிலன் ஹாலோவேக்கு செயின்ட் லூயிஸ் ஆஃபர் ஷீட் கொடுத்தது, அதாவது சொந்த அணி அதே சம்பளம் தராவிட்டால் ஆளை எடுத்துக்கொண்டு பிக் ஈடு தரும் ஒப்பந்தம். சம்பள வரம்பில் எட்மன்டனுக்கு இடம் இல்லை, விட்டுக்கொடுத்தது. ஈடாகக் கிடைத்தது ஒரு மூன்றாம் சுற்றுப் பிக். முந்தைய சீசனில் 9 பாயின்ட் எடுத்திருந்தவர் அங்கே போய் 63 எடுத்தார்.

கேள்வி: பையனே வாய்விட்டு டிரேடு கேட்டால் விலை பாதியாகிவிடும் என்பது உண்மையா?

குறையும், ஆனால் பாதியாகும் என்பது மிகை. காக்கோ ஓர் ஆட்டத்தில் வெளியே உட்காரவைக்கப்பட்டதும், இளம் ஆளைத் தூக்குவது சுலபம் என்று பத்திரிகையாளர்களிடம் வெளிப்படையாகவே சொன்னார். ஓரிரு நாளில் டிரேடு முடிந்துவிட்டது. உண்மையில் விலையைக் குறைப்பது அணியின் அவசரம். சாம் பென்னட் வெளியேற விரும்புகிறார் என்ற செய்தி 2021 தொடக்கத்திலேயே வந்தது. கால்கரி ஏப்ரல் வரை பொறுத்து, எமில் ஹைனமனையும் ஓர் இரண்டாம் சுற்றுப் பிக்கையும் வாங்கியது. 38 ஆட்டத்தில் 12 பாயின்ட் எடுத்திருந்தவருக்கு அன்று அது நியாயமான விலைதான். அவர் 2025இல் பிளேஆஃபின் சிறந்த வீரருக்கான கான் ஸ்மைத் கோப்பையை வெல்வார் என்று அன்று யாரும் விலை வைக்கவில்லை.

கேள்வி: எல்லாக் கதையும் விற்றவன் அழுகிற கதையாகவே இருக்கிறதே. விற்றது சரி என்று ஆன கதை இல்லையா?

இருக்கிறது, அவற்றை நாம் மறந்துவிடுகிறோம். 2012இல் 4ஆவதாக எடுத்த கிரிஃபின் ரைன்ஹார்ட்டை ஐலண்டர்ஸ் 2015இல் எட்மன்டனுக்குக் கொடுத்து 16, 33 ஆகிய இரண்டு பிக்குகளை வாங்கியது. 16ஆவது பிக்தான் மேத்யூ பார்ஸல். ரைன்ஹார்ட் என்எச்எல்லில் ஆடியது மொத்தமே 37 ஆட்டம். நீடர்ரைட்டரை மலிவாக விட்ட அதே அணி இங்கே சரியாகக் கணித்தது.

லியாஸ் ஆண்டர்சனும் அப்படித்தான். 2017இல் 7ஆவது, பிறகு மனம் வெறுத்து ஸ்வீடன் திரும்பிவிட்டார். ரேஞ்சர்ஸ் 2020இல் லாஸ் ஏஞ்சலஸிடமிருந்து அவருக்கு 60ஆவது பிக்கைத்தான் வாங்க முடிந்தது. எல்லோரும் திட்டினார்கள். அந்தப் பிக்கில் வந்தவர் வில் கைலி, 2024-25இல் 20 கோல்.

கேள்வி: கோலிகளுக்கும் (கோல்கீப்பர்களுக்கும்) இதே கணக்கா?

இல்லை. 24, 25 வயதுக்கு முன் கோலியை எடைபோடவே வேண்டாம்.

கேள்வி: பிக் வேண்டாம், இப்போதே ஆட ஆள் வேண்டும். ஆனால் எங்கள் பையனுக்கு யார் நல்ல ஆளைத் தருவார்கள்?

அதே மாதிரி சிக்கலில் இருக்கும் இன்னொரு அணியைத் தேடுங்கள். 2018 நவம்பரில் அரிசோனா டிலன் ஸ்ட்ரோமையும் பிரெண்டன் பெர்லினியையும் கொடுத்து சிகாகோவிடமிருந்து நிக் ஷ்மால்ட்ஸை வாங்கியது. இரண்டு பக்கமும் இளம் ஆட்கள், இரண்டு பக்கமும் பொறுமை இழந்திருந்தார்கள். ஸ்ட்ரோம் சிகாகோவில் 58 ஆட்டத்தில் 51 பாயின்ட் எடுத்தார், ஷ்மால்ட்ஸும் அரிசோனாவில் நிலைத்துவிட்டார். பஃபலோ 2024 மார்ச்சில் கேசி மிட்டல்ஸ்டாட்டைக் கொடுத்து கொலராடோவிடமிருந்து போவன் பைரமை வாங்கியதும் இந்த வகைதான்.

பேரம் பேசும்போது முதல் சுற்றுப் பிக் கேட்டு நேரத்தை வீணாக்காமல், அவர்களுடைய மூன்றாவது லைனிலோ ஆட்டத்துக்கு வெளியிலோ முடங்கியிருக்கும் 22, 23 வயது ஆள் யார் என்று பாருங்கள். கேட்க வேண்டிய பெயர் அங்கே இருக்கும்.

கேள்வி: யாருமே எதுவும் தரவில்லை என்றால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டுவிடலாமா?

வேண்டாம். அதே ஸ்ட்ரோமுக்கு 2022 கோடையில் சிகாகோ ஆஃபரே கொடுக்காமல் விட்டது. வாஷிங்டன் ஒரு வருஷம், 35 லட்சம் டாலருக்கு அவரை எடுத்துக்கொண்டது, யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை. 2024-25இல் அங்கே 82 பாயின்ட். ஒரு வருஷ ஒப்பந்தம் போடுங்கள், முதல் இரண்டு லைனில் ஒன்றில் இருபது ஆட்டமாவது ஆடவிடுங்கள், டிசம்பரில் திரும்பவும் போன் செய்யுங்கள்.