எப்பாக்ஸி வேலையும் கை அரிப்பும்

கேள்வி: ஃபேக்டரி தரைகளுக்கு எப்பாக்ஸி போடும் வேலை பார்க்கிறேன். ரொம்ப நாள் ஒன்றும் இல்லை, இப்போது சில மாதமாக விரலிடுக்கும் மணிக்கட்டும் சிவந்து, நீர்க்கொப்புளம் வந்து அரிக்கிறது. சில நாள் கண் இமைகூட வீங்குகிறது. லீவில் ஊருக்குப் போனால் ஆறிவிடும். மெடிக்கலில் வாங்கிய ஆயின்மென்டுக்கு அடங்கி, திரும்ப வருகிறது. கத்திரிக்காய், கருவாடு எல்லாம் நிறுத்திவிட்டேன். கூட வேலை செய்கிறவர்களுக்கு எதுவும் இல்லையே, எனக்கு மட்டும் ஏன்?
பெயர் வேண்டாம், கோவை

பதில்: முதலில் கத்திரிக்காயைத் திரும்பச் சாப்பிடுங்கள், அது பாவம். லீவில் ஆறி வேலைக்குப் போனதும் கிளம்புகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, சந்தேகம் எப்பாக்ஸிக்காக நீங்கள் கலக்கும் ரெசின் மேலும், அதை இறுக வைக்கும் ஹார்டனர் மேலும்தான் போக வேண்டும்.

இவற்றுக்கு ஒவ்வாமை பிடிக்கச் சிலருக்குச் சில வாரம் போதும், சிலருக்கு வருஷக்கணக்கில் ஆகும், சிலருக்கு வரவே வராது. பிடித்துவிட்டால் பெரும்பாலும் ஆயுசுக்கும் போகாது, அப்புறம் கொஞ்சம் பட்டாலே போதும். அதுவும் பட்ட உடனே அரிக்காமல் ஒன்றிரண்டு நாள் கழித்து அரிப்பதால்தான் பலரும் நேற்றைய சாப்பாட்டைக் குறை சொல்கிறார்கள். இமை வீங்குவது ஹார்டனர் ஆவியாலும் இருக்கலாம், கிளவுஸோடு முகத்தைத் துடைத்ததாலும் இருக்கலாம். முழுசாக இறுகிய தரையால் பொதுவாகத் தொல்லை இல்லை. மிக்ஸ் பண்ணும் இடமும், சரியாக இறுகாததைத் தேய்க்கும்போது பறக்கும் தூசியும்தான் ஆபத்து.

தோல் டாக்டரிடம் பேட்ச் டெஸ்ட் கேளுங்கள். சந்தேகப்படும் பொருள்களைத் துளித்துளியாக முதுகில் ஒட்டி 48 மணி நேரம் விட்டு எடுப்பார்கள், இன்னும் ஓரிரு நாள் கழித்து மறுபடி பார்ப்பார்கள். ரத்தப் பரிசோதனையில் இந்த வகை ஒவ்வாமை தெரியாது, காசுதான் போகும். ரெசின், ஹார்டனர் டின் லேபிள்களைப் போனில் படம் எடுத்துப் போங்கள். ரெசினையோ ஹார்டனரையோ நீங்களாகவே எடுத்துத் தடவிப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம், தோல் வெந்துவிடும்.

மெல்லிய ரப்பர் கிளவுஸ் ரெசினைத் தடுக்காது. நைட்ரைல் பரவாயில்லை, ஆனால் ரெசின் பட்டதும் கழற்றி மாற்ற வேண்டும்; நாள் முழுக்க மிக்ஸிங் என்றால் பியூட்டைல் அல்லது பல அடுக்கு லேமினேட் கிளவுஸ். வேலை முடிந்து தின்னரில் கை கழுவும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள், அது தோலின் எண்ணெயைச் சுரண்டி எடுத்து ரெசினுக்கு வழி விடுகிறது. இறுகும் முன் துணியால் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

அந்த ஆயின்மென்ட் ஸ்டீராய்டாக இருக்கலாம். டாக்டர் சொல்லாமல் இமையில் போடவே போடாதீர்கள்.

ஈஎஸ்ஐ இருந்தால் கேஸ் ஷீட்டில் உங்கள் வேலையையும் எழுதச் சொல்லுங்கள். வேதிப்பொருளால் வரும் தோல் நோய் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. டெஸ்டில் உறுதியானால் ரெசின் பக்கமே வராத வேலைக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். ரெண்டு கிளவுஸ் மாட்டிக்கொண்டு சமாளி என்று சூப்பர்வைசர் சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

கேள்வி: என் கணவருக்கும் இதே வேலை, இதே அரிப்பு. குழந்தைக்குத் தொற்றுமா?
வாசகி, ஓசூர்

பதில்: தொற்றாது. ஆனால் வேலைச் சட்டையைக் குழந்தைத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள், ரெசின் கொட்டி ஊறிப்போன சட்டையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.