விதையில் முளைத்த ஸ்ட்ராபெர்ரி புது ரகமாகுமா?

கேள்வி: ஒரு ஸ்ட்ராபெர்ரிப் பழத்தின் விதைகளைத் தூவி 40 நாற்றுகள் வளர்த்தேன். அவற்றில் ஒன்று மட்டும் வெளிர் ஆரஞ்சு கலந்த சிவப்பில், நீண்ட கூம்பாகக் காய்க்கிறது. வாசமும் தூக்கல். அதன் ரன்னர்களை (தரையில் படர்ந்து புதுச் செடி தரும் ஓடுதண்டுகளை) வேர்விட வைத்து இப்போது ஆறு செடிகள் ஆகிவிட்டன. இது புது ரகம்தானா? ரக விவரக்குறிப்பு எப்படி எழுதுவது? இதை இன்னொரு செடியோடு கலந்து மேலும் நல்லதாக ஒன்றை உருவாக்கலாமா?

பதில்: புதுச் செடி என்பதில் சந்தேகமே வேண்டாம். புது ரகமா என்று கேட்டால், இன்னும் இல்லை என்றுதான் சொல்வேன்.

அந்த ஒரு செடி மட்டுமல்ல, உங்கள் 40 நாற்றுகளுமே இதற்கு முன் எங்கும் இருந்திராதவை. தோட்டத்து ஸ்ட்ராபெர்ரிக்கு 56 குரோமோசோம்கள், அதாவது எட்டுத் தொகுதிகள். விதை உண்டாகும் ஒவ்வொரு தடவையும் இந்தப் பெரிய சீட்டுக்கட்டு புதிதாகக் கலைத்துப் போடப்படுகிறது. தாய்ப்பழம் எந்த ரகமாக இருந்தாலும் அதன் விதையிலிருந்து அதே ரகம் திரும்பி வராது. ஆகவே இந்தப் பயிரில் புதுமை மலிவு. ‘இது எதிலிருந்து, எந்த வகையில், எப்போதும் வேறுபடுகிறது?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்வதில்தான் உழைப்பு இருக்கிறது.

இந்தப் பயிர் பிறந்ததே ஒரு கலப்பில்தான். 1714இல் அமெதே ஃபிரெசியே என்ற பிரெஞ்சுக்காரர் சிலியிலிருந்து பெரிய பழம் தரும் ஸ்ட்ராபெர்ரிச் செடிகளைக் கொண்டுபோனார். வந்து சேர்ந்தவை எல்லாம் பெண் செடிகள். தனியாக வைத்தால் காய்க்கவில்லை. பக்கத்தில் வட அமெரிக்காவின் வர்ஜீனியா ஸ்ட்ராபெர்ரி இருந்த இடங்களில் காய்த்தன. அந்தக் கூட்டில் விளைந்த விதைகளிலிருந்து வந்ததே இன்று நாம் சாப்பிடும் இனம். அன்னாசி வாசம் அடித்ததால் ‘அனனாசா’ என்று பெயர். அது கலப்பினம் என்று 1766இல் சொன்னவர் அந்துவான் நிக்கோலா துஷேன். அவர் அப்போது இருபதைக்கூடத் தொடாத இளைஞர்.

துஷேனுக்கும் உங்களைப் போல ஓர் அதிசயச் செடி கிடைத்தது. காட்டு ஸ்ட்ராபெர்ரி விதைகளை விதைத்தபோது, மூன்று சிற்றிலைக்குப் பதில் ஒற்றை இலையோடு ஒரு செடி முளைத்தது. அதன் விதைகளிலும் ஒற்றை இலையே வந்தது. காட்டு இனத்துக்கு 14 குரோமோசோம்கள்தான், தன் மகரந்தத்திலேயே காய்த்து, குணம் மாறாமல் விதை தரும். தோட்டத்து இனத்தில் அந்த வசதி கிடையாது. உங்கள் செடியின் குணம் ரன்னர் வழியாக மட்டுமே அப்படியே கடத்தப்படும். ஒரு வகையில் இது நல்லது. விதைப் பயிர்களில் பல தலைமுறை பாடுபட்டு நிலைப்படுத்த வேண்டியதை, இதில் ஒரே நாற்றிலேயே பிடித்து நிறுத்திவிடலாம்.

சரி, முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். அந்தச் செடி வேறாகத் தெரிவது பிறப்பாலா, இருக்கும் இடத்தாலா? நிழலில் காய்த்த பழம் வெளிறும். குளிரில் மெதுவாகப் பழுத்தது இனிக்கும்; வெயிலில் அவசரமாகப் பழுத்தது சிறுத்து மெத்தென்று இருக்கும். வடிவமும் ஏமாற்றும். நாம் பழம் என்று தின்பது பருத்துப்போன பூத்தளம், அதாவது பூவின் அடிப்பகுதி. அதன் மேல் ஒட்டியிருக்கும் ‘விதை’ ஒவ்வொன்றும்தான் தாவரவியல்படி தனிப் பழம். அவை சுரக்கும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் கீழே உள்ள சதையைப் பருக்க வைக்கிறது. மகரந்தம் சேராத பக்கம் பருக்காது, பழம் கோணலாகும். தேனீ வராத ஒரு வாரம் போதும், கூம்பு ரகம் உருத்தெரியாமல் காய்க்க.

இதற்கு ஒரே வழி ஒப்பீட்டுப் பாத்திதான். உங்கள் ஆறு செடிகளிலிருந்து இன்னும் ரன்னர் எடுத்து குறைந்தது பன்னிரண்டு ஆக்குங்கள். அவற்றுக்குப் பக்கத்திலேயே, உங்கள் செடிக்கு மிக நெருக்கமாகத் தெரியும் அறியப்பட்ட ரகங்கள் இரண்டை, அதே எண்ணிக்கையில், அதே வயது ரன்னர்களாக, அதே நாளில் நடுங்கள். ஒன்று பானையிலும் மற்றொன்று தரையிலும் இருந்தால் ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. தாய்ப்பழத்தின் ரகம் தெரிந்திருந்தால் அதையும் கட்டாயம் சேருங்கள். சீக்கிரம் வரும் பூக்களைக் கிள்ளிவிட்டு செடி வேர்பிடித்து நிற்கட்டும். ஒரு பருவம் போதாது. அதிகாரப்பூர்வச் சோதனைகளே வழக்கமாக இரண்டு வளர்ச்சிப் பருவங்கள் நடக்கின்றன.

நெருக்கமான ரகத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். தன் செடி தனித்துத் தெரிய வேண்டும் என்ற ஆசையில், கொஞ்சமும் ஒட்டாத ஒன்றைப் பக்கத்தில் வைப்பார்கள். வெளிர் கூம்புப் பழத்தை அடர்சிவப்பு உருண்டைப் பழத்தோடு ஒப்பிட்டு என்ன நிரூபிக்கப்போகிறோம்? குழப்பிக்கொள்ள வாய்ப்புள்ள ரகத்தோடு நிறுத்தி, அப்போதும் வேறுபாடு தெரிந்தால் அது கணக்கில் சேரும்.

இனி விவரக்குறிப்பு. புது ரகங்களைக் காக்க 1961இல் உருவான யூபோவ் என்ற பன்னாட்டு அமைப்பு பல பயிர்களுக்குச் சோதனை வழிகாட்டி வைத்திருக்கிறது, ஸ்ட்ராபெர்ரிக்கும் உண்டு. அதைத் தேடி எடுத்து முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குணத்துக்கும் நிலைகள் எண்ணிட்டு இருக்கும். அளவு சார்ந்த குணங்களுக்குப் பெரும்பாலும் 1 முதல் 9 வரை: 3 என்றால் சிறியது, 5 நடுத்தரம், 7 பெரியது. எதோடு ஒப்பிட்டுப் பெரியது என்று தெரிய மாதிரி ரகங்களும் கொடுத்திருப்பார்கள்.

பழத்தில் ஆரம்பிக்கத்தான் எல்லோருக்கும் கை பரபரக்கும். நான் செடியிலிருந்து தொடங்கச் சொல்வேன், ஏனென்றால் பழமில்லாத மாதங்களிலும் செடியை அடையாளம் காண வேண்டியிருக்கும். நிமிர்ந்து வளர்கிறதா, படர்கிறதா. இலை அடர்த்தி எவ்வளவு. ரன்னர் அதிகமா, குறைவா. பூங்கொத்து இலைகளுக்குக் கீழே ஒளிகிறதா, சமமாக நிற்கிறதா, மேலே எழும்புகிறதா. நடுச் சிற்றிலையின் நீள அகல விகிதம், அடிப்பகுதியின் வடிவம், விளிம்புப் பற்கள் கூரா மழுங்கலா, மேற்புறம் பளபளப்பா, கொப்புளம் போல் மேடுபள்ளமா. அப்புறம் யாரும் பார்க்காத இரண்டு இடங்கள்: இலைக்காம்பின் ரோமம் மேல்நோக்கியா, கிடையாகவா, கீழ்நோக்கியா என்பது ஒன்று, காம்பின் அடியில் உள்ள இலையடிச் செதிலில் செந்நிறம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது இன்னொன்று. ஒரு கைலென்ஸ் இருந்தால் வேலை சுலபம். பூவில் இதழ்கள் ஒன்றையொன்று தொடுகின்றனவா, மேற்படிகின்றனவா, இடைவெளி விடுகின்றனவா என்று பாருங்கள்.

பழத்துக்கு வரும்போது ஒரு எச்சரிக்கை. ஒவ்வொரு கொத்திலும் முதலில் பூக்கும் நுனிப் பூவின் பழம்தான் மிகப் பெரியது. பல ரகங்களில் அதன் வடிவமே மற்றவற்றிலிருந்து மாறி, விசிறி போலவோ வரி வரியாகவோ இருக்கும். நான் முதன்முதலில் தேர்ந்தெடுத்த ஒரு செடியை விவரித்தபோது இந்த முதல் பழங்களின் அழகில் மயங்கி, எல்லா அளவையும் அவற்றிலேயே எடுத்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து அதே பாத்தியில் நின்று என் குறிப்பைப் படித்தால், அது வேறு ஏதோ செடியைப் பற்றியது போல இருந்தது. முதல் பழத்தை ஒதுக்கிவிட்டு, அடுத்த நிலைப் பழங்களில் குறைந்தது இருபதை, முழுதும் பழுத்தவையாக, பல செடிகளிலிருந்து எடுங்கள். முதல் பழம் எவ்வளவு வேறுபடுகிறது என்பதைத் தனிக் குணமாகக் குறியுங்கள்.

‘அழகான வெளிர் சிவப்புப் பழம், தேன் போன்ற இனிப்பு’ என்று எழுதினால் அதை வைத்து யாரும் எதையும் அடையாளம் காண முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: ‘பழம் கூம்பு, நீளம் அகலத்தைவிடத் தெளிவாக அதிகம். விதைகள் தோல் மட்டத்துக்குச் சற்றுக் கீழே அமிழ்ந்தவை. புல்லிவட்டத்தை ஒட்டி விதையில்லாத பட்டை அகலமானது. புல்லி இதழ்கள் மேல்நோக்கி மடங்கியவை. சதை வெளிர் இளஞ்சிவப்பு, நடுப்பகுதி வெண்மை, உள்குழி சிறியது. ஒப்பீட்டு ரகத்தில் விதைகள் தோலோடு சமம், பட்டை குறுகியது.’ கடைசி வாக்கியம் இல்லாவிட்டால் முன்னுள்ளவை எல்லாம் பாதி வேலைதான்.

தோல், சதை, நடுப்பகுதி மூன்றின் நிறத்தையும் தனித்தனியே எழுதுங்கள். ராயல் தோட்டக்கலைச் சங்கத்தின் வண்ண அட்டை கிடைத்தால் நல்லது, விலை அதிகம். இல்லாவிட்டால் மேகமூட்ட வெளிச்சத்தில், ஒப்பீட்டுப் பழத்தோடு சேர்த்து ஒரே படத்தில் எடுங்கள். சுவைக்கு ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கருவியை வைத்துப் பிரிக்ஸ் அளவு, அதாவது சாற்றின் இனிப்பு அளவு பாருங்கள். 7 முதல் 10 வரை சாதாரணம். ஆனால் அந்த எண் நாளுக்கு நாள் மாறும், ஆகவே தேதியோடு, பல அறுவடைகளின் சராசரியாக எழுதுங்கள். வாசத்தைச் சொல்லால் சொல்வதில் தவறில்லை. பீச் பழ வாசம் தரும் காமா டெக்கலாக்டோன் என்ற பொருளைச் சில ரகங்கள் உண்டாக்கும், சில அறவே உண்டாக்காது. இரண்டு மூன்று பேரிடம் எது எந்தப் பழம் என்று சொல்லாமல் கொடுத்து முகரச் சொல்லுங்கள்.

எப்போது பூக்கிறது என்பதையும் விடாதீர்கள். பகல் குறுகும்போது மட்டும் மொட்டு வைக்கும் வகை, பகல் நீளத்தைப் பொருட்படுத்தாமல் பூத்துக்கொண்டே இருக்கும் வகை என்ற பிரிவு மிக முக்கியம். அதைச் சொல்ல முழு ஆண்டும் கவனிக்க வேண்டும்.

ரகம் என்றால் செடிகள் எல்லாம் ஒன்றுபோல இருக்கும் சீர்மையும், தலைமுறை மாறினாலும் குணம் மாறாத நிலைப்பும் வேண்டும்; ரன்னர் பயிரில் அவை பெரும்பாலும் தானாகவே அமையும். இரண்டு இடங்களில்தான் கெடும். ரன்னர் குணத்தோடு வைரஸையும் கடத்தும். சில வம்சங்களில் இலை மஞ்சள் வரியோடு வெளுக்கும் ‘ஜூன் யெல்லோஸ்’ என்ற கோளாறும் வரும்; அது தொற்று அல்ல, பிறவிக் குறை, மருந்து கிடையாது. உங்கள் செடியில் அது தலைகாட்டினால் பழம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

கலப்பு செய்ய ஆசைப்படுகிறீர்கள், தாராளமாகச் செய்யலாம். தன்னோடு தன்னையே கலக்க வேண்டாம், நாற்றுகள் நோஞ்சானாக வரும். உங்கள் செடியில் என்ன குறை என்று முதலில் எழுதுங்கள். வாசமான வெளிர் பழம் பெரும்பாலும் மெத்தென்று இருக்கும் என்பது என் அனுபவம். அப்படியானால் கெட்டியான பழம் தரும் ஒன்றைத் துணையாகத் தேடுங்கள். காட்டு ஸ்ட்ராபெர்ரியைத் துணையாக்க வேண்டாம். 14ம் 56ம் சேர்ந்தால் பெரும்பாலும் மலட்டுச் செடிதான் மிஞ்சும்.

தாயாக வைக்கும் செடியில், வெள்ளை இதழ் எட்டிப் பார்க்கும், ஆனால் இன்னும் விரியாத மொட்டைத் தேர்ந்தெடுங்கள். கூரான இடுக்கியால் இதழ்களையும் மகரந்தத்தாள்களையும் அடியோடு வளையமாக நீக்குங்கள். நடுவில் உள்ள பச்சை மேட்டைத் தொடாதீர்கள். நுண்துளை உறை மாட்டுங்கள். தந்தைச் செடியில் விரியப்போகும் பூக்களின் மகரந்தப்பைகளைச் சேர்த்து, ஒரு தட்டில் ஈரமில்லாத இடத்தில் இரவு முழுக்க வைத்தால் மறுநாள் மஞ்சள் தூள் உதிரும். மெல்லிய தூரிகையால் மேடு முழுக்கத் தடவுங்கள். எல்லாச் சூல்முடிகளும் ஒரே நாளில் தயாராகாது, அதனால் அடுத்த இரண்டு நாளும் திரும்பத் தடவுங்கள். ஒரு மாதம் போல் ஆகும் பழுக்க. தோலைச் சீவி உலர்த்தி விதைகளை உதிர்த்து, ஈரத்தோடு சில வாரங்கள் குளிர்பெட்டியில் வைத்துப் பிறகு விதையுங்கள். மண்ணைப் போட்டு மூட வேண்டாம், வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும்.

எத்தனை நாற்று? இடம் இருக்கும் அளவுக்கு. நூறுக்குக் குறைந்தால் அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டியதுதான். முதல் காய்ப்பிலேயே பெரும்பாலானவற்றைப் பிடுங்கிப் போட மனம் வேண்டும். எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதற்கு ஒரு கணக்கு: அமெரிக்க ஆராய்ச்சியாளர் ராய்ஸ் பிரிங்ஹர்ஸ்ட் 1955இல் யூட்டா மலைகளில் எடுத்த காட்டுச் செடியின் எப்போதும் பூக்கும் குணத்தை, விற்கத் தகுந்த பழத்தோடு சேர்த்து ரகங்களாக வெளியிட்டது 1979இல். நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். நல்ல ரகம் இரண்டைக் கலந்தாலும், ஏழெட்டு ஆண்டுகள் எனக் கணக்கு வையுங்கள்.

உரிமைப் பதிவு எண்ணம் இருந்தால் ஒன்றை இப்போதே கவனியுங்கள். யூபோவ் விதிப்படி, விண்ணப்பிக்கும் நாட்டில் ஓராண்டுக்கு முன்பே உங்கள் சம்மதத்தோடு விற்பனைக்குப் போயிருந்தால் அது ‘புதியது’ ஆகாது, வெளிநாடுகளில் நான்காண்டு. செடியை மட்டுமல்ல, பழத்தை விற்றாலும் அதே கணக்கு. தாய்ப்பழத்தின் ரகம் உரிமை பெற்றதாக இருந்தால், அதைக் கலப்புக்குப் பயன்படுத்த இந்த விதிகள் பொதுவாக அனுமதிக்கின்றன. ஆனால் நாட்டுக்கு நாடு சட்டமும் காப்புரிமையும் மாறும். பணம் கட்டுமுன் விசாரியுங்கள்.

பெயருக்கு அவசரமில்லை. வைக்கும்போது ஏற்கனவே உள்ள ஸ்ட்ராபெர்ரி ரகப் பெயரோடு குழம்பக் கூடாது, குணத்தை மிகைப்படுத்தவும் கூடாது. அதுவரை விதைத்த ஆண்டு, நாற்று எண் என்று ஒரு குறியீடு போதும். ஆறு செடிகளுக்கும் இன்றே அட்டை குத்துங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஒரு கோடையிலேயே வெளுத்துவிடும்.