பழைய சர்வரின் பழுதுகள்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, எங்கள் அலுவலகத்தில் எட்டு ஆண்டுகளாக ஓடும் சர்வரில், தரவைப் பல டிஸ்குகளில் பகிர்ந்து வைக்கும் ரெய்டு 5 அமைப்பில் உள்ள நான்கு ஹார்டு டிஸ்குகளில் ஒன்று பழுதாகிவிட்டது. இன்றே புதிய டிஸ்கைச் செருகிவிடலாமா?

பதில்: முதலில் முழு பேக்கப் எடுங்கள், எடுத்த பேக்கப்பிலிருந்து சில கோப்புகளையாவது வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். ரெய்டு 5 ஒரே ஒரு டிஸ்கின் இழப்பைத்தான் தாங்கும். புதிய டிஸ்க் வந்ததும், மற்ற மூன்றையும் முழுவதுமாகப் படித்துத்தான் டிஸ்குகளை நிர்வகிக்கும் கன்ட்ரோலர் தரவை மீட்டெடுக்கிறது. பல மணி நேரம் நீளும் இந்த வேலை, ஒன்றாக வாங்கப்பட்டு ஒன்றாகவே தேய்ந்துபோன டிஸ்குகளுக்குப் பெரும் சுமை என்பதால், இரண்டாவது டிஸ்க் அந்நேரத்தில் விழும் அபாயம் மெய்யானது. எனவே மீதமுள்ளவற்றின் ஸ்மார்ட் அறிக்கையையும், அதாவது டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே தரும் அறிக்கையையும், பார்த்துவிடுங்கள். அதில் பழுதான பகுதிகளைக் குறிக்கும் 5, 197 ஆகிய எண்களுக்கு நேரே உள்ள மூல மதிப்பு (raw value) நாளுக்கு நாள் ஏறினால் அந்த டிஸ்கை நம்ப வேண்டாம். சாட்டா வகை இணைப்புள்ள டிஸ்கில், தரவுப் பரிமாற்றப் பிழைகளைக் குறிக்கும் 199 மட்டும் ஏறினால், பெரும்பாலும் கேபிளிலோ இணைப்பிலோதான் கோளாறு இருக்கும். இன்னொன்று: டிஸ்கை உருவுமுன் அதன் சீரியல் எண்ணைத் திரையில் உள்ளதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். நல்ல டிஸ்கைத் தவறுதலாக உருவியதாலேயே மொத்தத் தரவும் போன அலுவலகங்கள் உண்டு.

கேள்வி: மின்தடைக்குப் பிறகு ஃபைல் சர்வரை இயக்கினால் யாராலும் அதில் நுழைய முடிவதில்லை. கடவுச்சொல் சரியாகவே உள்ளது.

பதில்: சர்வரின் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்தால், மின்சாரம் போனதும் கடிகாரம் பின்னோக்கிப் போய்விடும். அலுவலகக் கணினிகளை ஒரே நிர்வாகத்தில் இணைக்கும் டொமைன், பயனரைச் சரிபார்க்கப் பயன்படுத்தும் கெர்பரோஸ் முறை, வழக்கமான அமைப்பில், 5 நிமிடத்துக்கு மேற்பட்ட நேர வித்தியாசத்தை ஏற்காது. மலிவான அந்தப் பேட்டரியை மாற்றி, நேரத்தைச் சரிசெய்தால் போதும்.

கேள்வி: டிஸ்குகள் யாவும் நலம் என்றே காட்டுகிறது, ஆனால் கோப்புகளைச் சேமிப்பது மட்டும் மிகவும் தாமதமாகிறது.

பதில்: டிஸ்குகளை நிர்வகிக்கும் ரெய்டு கார்டின் பேட்டரியைச் சோதியுங்கள். அது செயலிழந்தால், மின்தடையில் தரவு தொலைந்துவிடக் கூடாது என்பதற்காக, கார்டு தன் கேஷில் (வேகமான தற்காலிக நினைவகத்தில்) எழுதிவைப்பதை நிறுத்தி நேரடியாக டிஸ்கில் எழுதத் தொடங்கும். தாமதம் அதனால்தான், கேஷைக் கட்டாயப்படுத்தி இயக்காதீர்கள்.

கேள்வி: பிற்பகலில் சர்வர் தானாகவே ரீஸ்டார்ட் ஆகிறது. ராம் மாற்ற வேண்டும் என்கிறார் சர்வீஸ்காரர்.

பதில்: இருக்கலாம், ஆனால் சர்வரின் ஹார்டுவேர் பதிவேட்டைப் படிக்காமல் எதையும் வாங்காதீர்கள். பிழையைக் கண்டு திருத்த உதவும் இசிசி வகை ராம் என்றால், திருத்தப்பட்ட பிழைகள்கூட எந்த ஸ்லாட்டில் என்று அங்கே பதிவாகியிருக்கும். அந்த ராமை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றுங்கள்: பிழையும் உடன் சென்றால் ராமில் கோளாறு, பழைய ஸ்லாட்டிலேயே நின்றால் மதர்போர்டில். அப்படிப் பிழை எதுவும் இல்லையென்றால், பிற்பகல் என்பதால் வெப்பத்தையே நான் சந்தேகிப்பேன். மின் இணைப்பைத் துண்டித்து, வெப்பத்தைக் கடத்தும் உலோகப் பாகமான ஹீட்சிங்கில் படிந்த தூசியை அகற்றி, மீண்டும் இயக்கி, எல்லா விசிறிகளும் சுழல்கின்றனவா என்று பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் பவர் சப்ளையை மாற்றிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டுமே மாற்றுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால், எது பழுது என்பது கடைசிவரை தெரியாது.